'முழுக்க ஸ்டீல்' டீஹைட்ரேட்டர்: தட்டை உருவினால் உள்ளே என்ன இருக்கிறது?

வணக்கம் மக்களே. இன்றைக்கு எதையும் உலர்த்தப் போவதில்லை, செம கோபத்தில் இருக்கிறேன். போன வீடியோவில் பெட்டி பிரித்தேனே, அந்த டீஹைட்ரேட்டர்தான், அதாவது பழம், காய்களைச் சூடான காற்றில் உலர்த்தும் மெஷின்தான் காரணம். பெட்டி மேல் 'முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. வெளியே ஸ்டீல், தட்டும் ஸ்டீல், சரி. தட்டுகளை உருவிவிட்டு டார்ச் அடித்தால், பக்கச் சுவர் கறுப்புப் பிளாஸ்டிக்! இதோ பாருங்கள், தட்டு சறுக்கி நுழையும் பள்ளம் பிளாஸ்டிக், விசிறிக்கு முன்னால் இருக்கும் சல்லடை பிளாஸ்டிக். நகத்தால் தட்டுகிறேன், 'டொக் டொக்'. கேட்கிறதா?

உணவு நேரடியாகப் படும் தட்டுதான் முதல் கவலை. அதற்காகச் சுவரை விட்டுவிட முடியுமா? மணிக்கணக்கில் சூடான காற்று அதை உரசிக்கொண்டுதானே சுற்றுகிறது? 'முழுக்க' என்றால் முழுக்க இருக்க வேண்டும்.

என்ன பிளாஸ்டிக் என்று நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். 'பிபிஏ இல்லாதது' என்று ஒரே வரியில் பதில். பிபிஏ என்றால் பிஸ்பீனால் ஏ, சில பிளாஸ்டிக்குகளைச் செய்யப் பயன்படும் வேதிப்பொருள். நான் கேட்டது என்ன இல்லை என்பதையா? என்ன இருக்கிறது என்று மறுபடி கேட்டால், அதே வரியை வெட்டி ஒட்டி அனுப்புகிறார்கள். பிபிஏவை எடுத்துவிட்டு அதன் பங்காளியான பிபிஎஸ் போட்டாலும் அந்த ஸ்டிக்கரை ஒட்டலாமே! பிபிஏ சின்ன விஷயமும் இல்லை. தினமும் எவ்வளவு வரை உடம்பு தாங்கும் என்ற அளவை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் 20,000 மடங்கு குறைத்தது. 2024 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் உணவு படும் பொருட்களில் அதற்குத் தடையே கொண்டுவந்தது.

பிளாஸ்டிக் தட்டுதான் கட்டுப்படியாகும் என்றால், அடியில் முக்கோணத்துக்குள் 5 இருக்கிறதா என்று பாருங்கள். அது பாலிப்ரொப்பிலீன், அதில் பிபிஏ சேர்வதில்லை. 7 என்றால் 'மற்றவை'. பிபிஏ வைத்துச் செய்யும் பாலிகார்பனேட்டும் அந்தக் கணக்கில்தான் வரும், எனக்கு வேண்டவே வேண்டாம். தக்காளி, எலுமிச்சை மாதிரிப் புளிப்பானவற்றை அதில் பரப்ப எனக்கு மனசு வராது.

ஸ்டீலில் 304 என்ற கிரேடைக் (தரத்தை) கேளுங்கள். காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்லி நிறையப் பேர் கமெண்ட் போட்டிருந்தீர்கள். 304இல் பெரும்பாலும் ஒட்டாது, உண்மை. ஆனால் மலிவான 201இலும் ஒட்டாதே! அதனால் கிரேடை எழுத்தில் வாங்குங்கள். குரோம் பூசிய கம்பித் தட்டு மட்டும் வேண்டாம். பூச்சு உரிய ஆரம்பித்தால் அந்தச் செதில் நேரே பழத்தில்தான் ஒட்டும்.

அட, விரிப்பை விட்டுவிட்டேன். பழக்கூழ் ஊற்றுவதற்கு இலவசமாக ஒரு வழவழ விரிப்பு தருவார்கள், பெரும்பாலும் டெஃப்லான் வகை. டீஹைட்ரேட்டரின் 70 டிகிரிச் சூட்டில் அது சிதையாது. இருந்தாலும் கத்தியால் சுரண்டிச் சுரண்டி அது கீறலாவதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. வெளுக்காத பேக்கிங் தாள்தான் என் கட்சி.

இப்போது நல்ல செய்தி! வேறொரு நிறுவனத்திடம் 'தட்டுகளை எடுத்துவிட்டு உள்ளே ஒரு படம் அனுப்புங்கள்' என்று கேட்டேன். அனுப்பிவிட்டார்கள்! சுவர், பள்ளம், சல்லடை, விசிறி இதழ்கூட ஸ்டீல்! கதவோரம் மட்டும் சிலிகோன் பட்டை, அதையும் அவர்களே அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அந்தப் படத்தை எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்திருப்பேன்! உடனே ஆர்டர் போட்டாயிற்று.

வந்ததும் ஜன்னலைத் திறந்து வைத்து, முழுச் சூட்டில் வெறுமனே ஓட்டி, தயாரிப்பில் ஒட்டிய எண்ணெய் வாடையைப் போக்கப் போகிறேன். அதை நேரலையில் காட்டுகிறேன். டார்ச்சும் இருக்கும், வந்துவிடுங்கள்.