கீர்த்தனைப் புத்தகம் யார் கைக்குப் போகும்?

(நெல்லைச் சீமையின் கிராமத்துக் கிறிஸ்தவச் சபை ஒன்றில், மூத்தோர் ஞாயிறன்று, ஆராதனை முடிந்து அசனம் என்ற சபை விருந்துக்கு முன் பேசியதன் எழுத்து வடிவம்)

இந்தக் கூடுகைக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் சேகரத்து ஐயரவர்களே, ஞாயிறுதோறும் மூன்று ஊர்களில் ஆராதனை நடத்த வேண்டியிருந்தும் இன்று நமக்காக நேரம் ஒதுக்கி வந்திருக்கும் பக்கத்துச் சேகரத்துக் குருவானவர் அவர்களே, பெண்கள் ஐக்கிய சங்கத்தைத் தாங்கிப்பிடித்து நடத்திவரும் எங்கள் ஐயரம்மா அவர்களே, சபை மன்றச் செயலர் தம்பி அவர்களே, பொருளாளர் அண்ணாச்சி அவர்களே, என்னை இந்த மேடையில் ஏற்றியே தீருவேன் என்று விடாப்பிடியாக நின்ற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அவர்களே, பாடகர் குழுப் பிள்ளைகளே, விடியுமுன்னே எழுந்து பந்தலில் அசனச் சோறு ஆக்கிக்கொண்டிருக்கும் வாலிபத் தம்பிகளே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் வயதொத்த பெரியவர்களே, தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவின் இனிய நாமத்தில் என் ஸ்தோத்திரங்கள்.

‘மாறிவரும் ஆராதனையும் மூத்தோரும்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பாட்டு, உடை, ஆராதனை முறை என்று மூன்றையும் தொட வேண்டும் என்று செயலர் சீட்டில் எழுதியே கொடுத்துவிட்டார். பாட்டிலிருந்து தொடங்குகிறேன். நான் எந்த மேடை ஏறினாலும் ஒரு பழமொழியைச் சொல்லாமல் இறங்கமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம். இன்றைக்கும் அதுதான்.

ஆராதனை முடிந்து கோயில் படியில் நிற்கும்போது நம் வயதுக்காரர்கள் பேசிக்கொள்வது எல்லார் காதிலும் விழுகிறது. “டிரம்ஸ் சத்தத்தில் நெஞ்சு படபடக்கிறது.” “ஒரே வரியைப் பத்துத் தடவை பாடுகிறார்கள்.” “பாமாலைப் புத்தகம் இப்போது கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் மட்டும்தான் பீரோவை விட்டு வெளியே வருகிறது.” இந்த ஆதங்கத்தை நான் குறைத்துப் பேச வரவில்லை. எனக்கும் அது உண்டு. பழைய கீர்த்தனைப் புத்தகத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். பாட்டுக்குத் தலைமேல் எண், அதன்கீழ் இன்ன ராகம், இன்ன தாளம், பிறகு பல்லவி, அனுபல்லவி, ஒன்று, இரண்டு, மூன்று என்று சரணங்கள். அதே பாட்டு திரையில் வரும்போது நாலு வரிதான் தெரிகிறது. ராகமும் தாளமும் திரைக்கு வருவதே இல்லை. ஐந்து சரணத்தில் இரண்டைப் பாடி முடித்துவிடுகிறோம். கதை சொல்லிக்கொண்டு போகிற பாட்டு பாதி வழியில் நின்றுவிடுகிறது. பெத்லகேமில் பிறந்தவர் கல்வாரிக்குப் போய்ச் சேர்வதில்லை.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். ‘அந்தக் காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது, இப்போதுதான் கெட்டுவிட்டது’ என்பது சரித்திரத்துக்குப் பொருந்தாத பேச்சு. 1706இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் சேர்ந்து தமிழ்ச் சபைக்குக் கொடுத்த முதல் பாட்டுகள் ஜெர்மன் மெட்டில் அமைந்த ஞானப்பாட்டுகள். அப்படிப் பின்னால் வந்த பப்ரிசியுஸ் ஐயர் உருகி உருகித்தான் அவற்றை மொழிபெயர்த்தார். மெட்டுக்குள் தமிழை அடக்க என்ன பாடு பட்டிருப்பார் என்பது பாடிப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். அதற்கும் பிற்பாடு, 1774இல் நம் பாளையங்கோட்டை மண்ணில் பிறந்த கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் வருகிறார். மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் அவரைச் சிறுவனாகத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போகிறார். சரபோஜி மன்னரோடு சேர்ந்து படித்தவர். குறவஞ்சி என்ற நாட்டு வடிவத்தை எடுத்து, பெத்லகேமைப் பாடினார். இன்று நாம் ‘பழைய பாட்டு’ என்று சொல்கிற கீர்த்தனை அன்று புதுப்பாட்டு. அதை எல்லாரும் கைகொட்டி வரவேற்றார்கள் என்று எண்ணாதீர்கள். 1820களின் கடைசியில், புதிதாக வந்த மிஷனரிமாரில் சிலர் பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் தமிழ்ச் சங்கீதம் வேண்டாம் என்றார்கள், பெண்கள் பூ வைக்கக் கூடாது என்றார்கள். சாஸ்திரியார் எழுந்து நின்று எழுத்தில் மறுத்தார். அதே மறுப்பில் கோயிலுக்குள் சாதிப்படி உட்காரும் வழக்கத்துக்கும் வாதாடினார். அந்த இடத்தில் நான் அவரோடு நிற்கமாட்டேன், கிறிஸ்துவின் சபையில் யாரும் நிற்கக் கூடாது. ஆனால் பாட்டுக்காக அவர் போராடியிராவிட்டால் இன்று நம் கையில் கீர்த்தனை இருந்திருக்குமா? 1853இல் அமெரிக்கன் மதுரை மிஷனின் எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் திரட்டி அச்சிட்டபோது அதில் சாஸ்திரியாரின் பாட்டுகள் முக்கிய இடம் பெற்றன.

பிறகு எத்தனை பேர்! தென்காசிப் பக்கம் சாம்பவர்வடகரையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதர், தஞ்சாவூரில் வைத்தியம் பார்த்துச் சம்பாதித்த பணத்தைப் பாட்டு ஆராய்ச்சியில் கொட்டினார். 1917இல் கருணாமிர்த சாகரம் என்ற பெருநூலை வெளியிட்டார். ஈரோட்டில் ஊழியம் செய்த ஆங்கிலேயர் பாப்லி, கர்நாடக சங்கீதம் கற்று, காலட்சேபமாகப் பாடிச் சுவிசேஷம் சொன்னார். கடல் கடந்து வந்தவர் உட்கார்ந்து கற்றதை, நம் வீட்டுப் பிள்ளைக்கு நாம் கற்றுக்கொடுக்கவில்லையே என்று யோசித்துப் பாருங்கள். இன்னொருவரையும் சொல்ல வேண்டும். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு. பரட்டை என்ற பெயரில் எழுதியவர், 2005இல் மறைந்தார். கீர்த்தனை மேல்சாதிக்காரர் சங்கீதம், எங்கள் சேரிச் சனத்தின் பாட்டு எங்கே, பறையை ஏன் கோயிலுக்கு வெளியே நிறுத்தினீர்கள் என்று கேட்டார். நாட்டுப்புற மெட்டிலேயே ஆராதனை முழுவதையும் அமைத்துக் காட்டினார். அவர் கேட்ட கேள்வியில் நியாயம் உண்டு. கீர்த்தனையைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்வது நாட்டுப் பாட்டை ஒதுக்குவதற்காக அல்ல. இரண்டும் நம் நாக்கில் பழகிய பாட்டுதான்.

ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு சார்வாள் இருக்கிறார். நடுநிலைப்பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். மார்கழி பிறந்தால் விடிகாலை நாலு மணிக்கு பஜனை கிளம்பும். முன்னே பெட்ரோமாக்ஸ், பின்னே சுருதிப்பெட்டி, கைத்தாளம், அதற்கும் பின்னே மப்ளரும் தாவணியுமாகச் சனம். பெட்ரோமாக்ஸ் போய் டார்ச் வந்தது, டார்ச் போய் செல்போன் வெளிச்சம் வந்தது, சார்வாள் மட்டும் மாறவில்லை. இரண்டு மூன்று வருஷத்துக்கு முன் வாலிபர்கள் ஒரு மினிவேனில் கீபோர்டும் ஸ்பீக்கரும் ஏற்றிக்கொண்டு பஜனைக்கு வந்துவிட்டார்கள். வாசிக்கிற பையன் இன்ஜினியரிங் படிக்கிறான், கெட்டிக்காரன். சார்வாள் பல்லவியை எடுத்தார். பையன் ஒரு பொத்தானை அழுத்தி டிரம்ஸைத் தட்டிவிட்டான். அனுபல்லவிக்கு வருவதற்குள் டிரம்ஸ் முன்னே போகிறது, சார்வாள் பின்னே நிற்கிறார். மறுபடி எடுத்தார், மறுபடி தப்பியது. மூன்றாம் வீட்டு வாசலில், கையில் காப்பித் தம்ளரோடு நின்ற பெரியம்மா, “ஏ, ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டு வாங்கய்யா” என்று சொல்ல, தெருவே சிரித்தது.

நான் நினைத்தேன், சார்வாள் இனி பஜனைப் பக்கம் வரமாட்டார் என்று. அவர் என்ன செய்தார் தெரியுமா? அன்று சாயங்காலமே அந்தப் பையன் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். “ஏலே, அந்தப் பெட்டிய எடு” என்றார். பையன் எடுத்துவைத்தான். “தாத்தா, இது எந்த ஸ்கேல்?” என்றான். “ஸ்கேல் கெடக்கட்டும், முதல்ல கைய நீட்டு” என்று அவன் உள்ளங்கையைத் தன் தொடைமேல் வைத்து, அதன்மேல் தட்டினார். தகிட, தகதிமி. தகிட, தகதிமி. “எண்ணுலே.” பையன் எண்ணினான். “ஏழு வருது தாத்தா!” என்றான், என்னமோ தவறு நடந்துவிட்டதுபோல. “ஆமாலே, மிச்ரசாபு. மூணும் நாலும் ஏழு. ஒன் பெட்டி நாலு நாலாத் தட்டுது, பாட்டுக்கு அங்க எடம் எங்கருக்கு?” பையன் பெட்டியில் இருந்த தாளமெல்லாம் தேடினான். நாலில் இருக்கிறது, மூன்றில் இருக்கிறது, ஆறில் இருக்கிறது, ஏழில் இல்லை. விட்டுவிடுவான் என்று பார்த்தால், மறுநாள் அவனே உட்கார்ந்து ஏழுக்குத் தாளம் அமைத்து அதில் சேமித்துவைத்துவிட்டான்!

அப்புறம் இன்னொரு சங்கடம் வந்தது. சார்வாள் ஒரு சுரத்தை அசைத்துப் பாடுகிறார், கட்டையை அழுத்தினால் அந்த அசைவு வருவதில்லை. பையன் இரண்டு கட்டைகளை மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தான். சார்வாள் தலையை ஆட்டினார். கீபோர்டின் இடது ஓரத்தில் ஒரு சிறு சக்கரம் இருக்கும், சுரத்தை வளைப்பதற்கு. அதை விரலால் மெல்ல நகர்த்தினான். சார்வாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இன்னொரு தடவ” என்றார். அவன் வாசித்தான். “இன்னும் கொஞ்சம் கீழ எறக்கு... ஆ! அதான்!” பெரியவர் முகத்தில் அன்று பார்த்த சந்தோஷத்தை அவர் பென்ஷன் ஆர்டர் வாங்கின நாளில்கூட நான் பார்த்ததில்லை. அந்த மார்கழி முழுவதும் எங்கள் தெருவில் ஐந்து சரணமும் பாடினார்கள். சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம் என்பது இதுதான். அந்தப் பையன் கீர்த்தனையை வெறுத்தவன் அல்ல. அதுவரை யாரும் அவன் கையைப் பிடித்துத் தட்டவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து உடை. இதில் நான் அதிக நேரம் எடுக்கப்போவதில்லை. பெண்பிள்ளைகள் சுடிதாரில் வருகிறார்கள், முக்காடு போடுவதில்லை, பையன்கள் ஜீன்ஸில் வருகிறார்கள் என்ற பேச்சுக்கு ஒரே ஒரு நினைவூட்டல். தெற்கே, அன்றைய தென்திருவிதாங்கூரில், நம் கிறிஸ்தவப் பெண்கள் சாதிக்கட்டுப்பாட்டை மீறித் தோளை மூடச் சேலை போட்டதற்காகச் சந்தையில் அடிபட்டார்கள், துணி கிழிக்கப்பட்டார்கள். பல வருஷம் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1859இல்தான் அவர்கள் மேலுடம்பை மூடிக்கொள்ளலாம் என்று மகாராஜாவின் பிரகடனம் வந்தது. உடுக்கும் உரிமைக்கு அவர்கள் கொடுத்த விலை அது. அந்தப் பாட்டிமாரின் பேத்திகளை உடைக்காக ஆலய வாசலில் நிறுத்திவைத்து முகம் வாடப் பண்ணலாமா? அடக்கமாக உடுக்கச் சொல்லுங்கள், வீட்டில் வைத்துச் சொல்லுங்கள், அன்பாய்ச் சொல்லுங்கள். மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார் என்று சாமுவேலுக்குச் சொன்னது நமக்கும் பொருந்தும்.

மூன்றாவது, ஆராதனை முறை. ஜெபப் புத்தகத்தின்படி நடத்துவதா, திறந்த ஆராதனையா, திருவிருந்து எத்தனை வாரத்துக்கு ஒருமுறை என்பதையெல்லாம் பேச நினைத்துத்தான் வந்தேன். பந்தலிலிருந்து குழம்பு வாசனை வர ஆரம்பித்துவிட்டது. ஐயரும் கடிகாரத்தைப் பார்க்கிறார். அவை ஐயர்மார் பேச வேண்டிய காரியங்கள், அவர்களிடமே விட்டுவிடுகிறேன். எனக்கு மிச்சமிருக்கும் நேரத்தை நான் நாலு வருஷமாய்ச் சபை மன்றத்தில் கேட்டுவரும் ஒரே காரியத்துக்குக் கொடுத்துவிடுகிறேன்.

ஞாயிறு பள்ளியில் அரைமணி நேரம் கீர்த்தனைக்கு ஒதுக்குங்கள். வாரம் ஒரு பாட்டு வேண்டாம், மாதம் ஒரு பாட்டு போதும். ஆனால் ராகமும் தாளமும் சொல்லி, எல்லாச் சரணமும் மனப்பாடமாகப் பாட வைக்க வேண்டும். கற்றுக்கொடுக்க வெளியூரிலிருந்து யாரையும் கூப்பிட வேண்டாம். இதோ முன்வரிசையில் இருக்கிறார்கள். புத்தகமே இல்லாமல் நூறு பாட்டுக்குமேல் பாடக்கூடிய தாய்மார்கள் இந்தச் சபையில் இருக்கிறார்கள், அவர்களில் பாதிப்பேர் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசவே ஆளில்லாமல் இருக்கிறார்கள். கீபோர்டும் இருக்கட்டும், டிரம்ஸும் இருக்கட்டும். தம்புரோடும் நடனத்தோடும் துதிக்கச் சொன்ன வேதம்தான் நம்முடையது. வாலிபர்கள் என்னிடம், “தாத்தா, கர்த்தருக்குப் புதுப்பாட்டைப் பாடுங்கள் என்றல்லவா சங்கீதத்தில் எழுதியிருக்கிறது?” என்று கேட்கிறார்கள். எழுதியிருக்கிறது, பாடுங்கள். கொலோசெயருக்குப் பவுல் எழுதினதையும் வாசியுங்கள். சங்கீதங்களினாலும் கீர்த்தனைகளினாலும் ஞானப்பாட்டுகளினாலும் ஒருவருக்கொருவர் போதித்து என்று எழுதுகிறார். போதிக்கிற வேலை நம்முடையது, முன்வரிசைக்காரர்களே. ‘பிள்ளைகள் பாடுவதில்லை’ என்று படியில் நின்று சொல்லும் நேரத்தில் உள்ளே போய் ஒரு பல்லவி சொல்லிக்கொடுத்துவிடலாம். செந்தமிழும் நாப்பழக்கம், ஐயா, நாப்பழக்கம். கேட்டால் மட்டும் வராது, பாடினால்தான் வரும்.

செயலர் தம்பி அடுத்த மன்றக் கூட்டத்தில் இதை வைப்பதாக இந்த மேடையில் எனக்குக் கைகாட்டியிருக்கிறார், ஐயர் பார்த்திருக்கிறார், நீங்கள் எல்லாரும் சாட்சி. ஆலயத்தின் பக்க அறையான வெஸ்ட்ரியில் கிடக்கும் பழைய ஆர்மோனியத்துக்குத் துருத்தித் தோல் கிழிந்திருக்கிறது. சரிபண்ணும் செலவில் பாதியை நான் தருகிறேன், மீதிக்கு அண்ணாச்சி மனம் வைக்க வேண்டும். கற்றுக்கொடுக்க விரும்பும் பெரியவர்களும், பிள்ளைகளை அனுப்ப விரும்பும் பெற்றோரும் அசனம் முடிந்ததும் ஐயரம்மாவிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். வீட்டில் ராகம் தாளம் போட்ட பழைய கீர்த்தனைப் புத்தகம் இருந்தால், அட்டை போயிருந்தாலும் பரவாயில்லை, அடுத்த ஞாயிறு கொண்டுவாருங்கள். வாய்ப்புத் தந்த யாவருக்கும் நன்றி கூறி அமைகிறேன். ஸ்தோத்திரம்.