புதுப்பள்ளியை விட்டு நகராத மனுஷன்

நடுவர் அய்யா அவர்களுக்கும், எதிரணியில உக்காந்திருக்கிற அக்கா, தம்பி எல்லாருக்கும், இந்த நேரத்துலயும் எழுந்து போகாம உக்காந்திருக்கிற ஊர் மக்களுக்கும் வணக்கம்.

இன்னிக்கு தலைப்பு, ஒரு எம்.எல்.ஏ.வுக்குப் பெருமை ஒரே தொகுதியில நிலைச்சு நிக்கிறதா, இல்ல எங்க போய் நின்னாலும் ஜெயிக்கிறதா. நான் ஒரே தொகுதி பக்கம், அதுக்கு நான் கொண்டு வந்திருக்கிற சாட்சி கேரளாவுல முதலமைச்சரா இருந்த காங்கிரஸ்காரர் உம்மன் சாண்டி. நடுவர் அய்யா பேர் கொடுக்கச் சொன்னப்ப, எந்த அணின்னு கேக்கறதுக்கு முன்னாடியே நான் இந்தப் பக்கம்தான்னு சொல்லிட்டேன், ஏன்னா எனக்கு இது சும்மா பேசிட்டுப் போற விஷயம் இல்ல.

எதிரணி அக்கா ரொம்ப அழகா கலைஞரை எடுத்தாங்க. 1957-ல குளித்தலை, அப்புறம் தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம், கடைசியா திருவாரூர், ஏழு தொகுதி, 13 தடவை நின்னு 13 தடவையும் ஜெயிச்சார்னு சொன்னாங்க. அத்தனையும் உண்மை. நானும் கையெடுத்துக் கும்பிடுறேன். ஆனா அக்கா, அதே கணக்கை இன்னும் கொஞ்சம் கிட்ட போய்ப் பாருங்க. 1980-ல அண்ணா நகர்ல வித்தியாசம் 699 ஓட்டு. 1991-ல துறைமுகத்துல 890 ஓட்டு. அவ்வளவு பெரிய தலைவருக்கே ஒரு தெரு ஓட்டு அப்படி இப்படி ஆயிருந்தா கதை மாறியிருக்கும். கடைசியில 2011-ல அவர் எங்க போனார்? சின்ன வயசுல பள்ளிக்கூடம் படிச்ச திருவாரூருக்கு. 2016-ல அங்க வித்தியாசம் 68,366, அந்தத் தேர்தல்ல தமிழ்நாட்டுலயே அதுதான் பெரிய வித்தியாசம். ஊரெல்லாம் சுத்தி ஜெயிச்ச மனுஷனுக்கு அள்ளிக் கொடுத்தது தன்னோட சொந்த மண்ணு. அதனால அந்த உதாரணத்துல பாதி எங்க அணிக்கும் வேணும் அக்கா.

இப்ப நான் பேச வந்த ஆளுக்கு வர்றேன். நான் மார்த்தாண்டம் பக்கம், எங்களுக்கு கேரளா வேற நாடு இல்ல, உடம்புக்கு முடியலன்னா திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்குத்தான் பஸ் ஏறுவோம், காலையில டீக்கடையில மலையாள சேனல்தான் ஓடும். அப்படிப் பார்த்துப் பார்த்து மனசுல உக்காந்தவர் உம்மன் சாண்டி. கோட்டயம் மாவட்டம் புதுப்பள்ளி தொகுதி. மலையாளத்துல பள்ளின்னா சர்ச்சு, புதுப்பள்ளின்னா புது சர்ச்சு, சுத்தி எங்க பார்த்தாலும் ரப்பர் மரம், எட்டு பஞ்சாயத்து, அவ்வளவுதான் அந்தத் தொகுதி.

1970-ல அவர் முதல்முதலா அங்க நிக்கிறப்ப வயசு 26. மாணவர் சங்கம், இளைஞர் காங்கிரஸ்னு ஓடிட்டிருந்த பையன். எதிர்ல நின்னவர் மார்க்சிஸ்ட் கட்சியோட சிட்டிங் எம்.எல்.ஏ. இ.எம். ஜார்ஜ். காங்கிரஸுக்கு ஈஸியான இடம்லாம் இல்ல, அது கம்யூனிஸ்ட் கையில இருந்த தொகுதி. 7,288 ஓட்டுல ஜெயிச்சார். அதுக்கப்புறம் 1977, 1980, 1982, 1987, 1991, 1996, 2001, 2006, 2011, 2016, 2021. பன்னெண்டு தேர்தல், பன்னெண்டும் புதுப்பள்ளி, ஒண்ணுகூட தோக்கல. 2023 ஜூலை 18-ம் தேதி 79 வயசுல இறந்து போறப்பவும் அவர் புதுப்பள்ளி எம்.எல்.ஏ.தான், கிட்டத்தட்ட 53 வருஷம். 26 வயசுல அவருக்கு ஓட்டு போட்டவங்க பேரன் பேத்தியும் அவருக்கே போட்டிருப்பாங்க.

எதிரணித் தம்பி சொன்னார், ஒரே இடத்துல ஜெயிக்கிறது கட்சி பலம், அலை, ஆளோட பலம் இல்லன்னு. தம்பி, 1980-ல என்ன நடந்துச்சு தெரியுமா? காங்கிரஸ் உடைஞ்சு, கேரளா காங்கிரஸ் தலைவர் ஏ.கே. ஆண்டனி கூட இருந்தவங்கல்லாம் இடதுசாரி கூட்டணியில போய் நின்னாங்க, உம்மன் சாண்டியும் அந்தப் பக்கம். ரெண்டே வருஷம், 1982-ல திரும்ப எதிர்ப்பக்கம் வந்து இடதுசாரியை எதிர்த்து நின்னார். கூட்டணி தலைகீழா மாறிப்போச்சு, புதுப்பள்ளி ரெண்டு தடவையும் அவருக்கே போட்டுச்சு. அது கட்சி ஓட்டுன்னா எந்தக் கட்சி ஓட்டு?

எதிர்ல நின்னவங்களும் சாதாரண ஆளுங்க இல்ல. பின்னாடி 2021-ல அமைச்சரான வி.என். வாசவன் 1987-லயும் 1991-லயும் நின்னு தோத்தார். 2001-ல செறியான் பிலிப்னு கூடவே இருந்து அரசியல் படிச்சவரே காங்கிரஸை விட்டுப் போய் இடதுசாரி ஆதரவோட எதிர்ல நின்னார், வீட்டு ரகசியம் எல்லாம் தெரிஞ்ச ஆள். அவரும் தோத்தார். 2006-ல மாணவர் சங்கத்துல பேர் வாங்கின சிந்து ஜாய், சின்னப் பொண்ணு, நல்ல பேச்சு. கிட்டத்தட்ட 20,000 ஓட்டு வித்தியாசம்.

சரி, அங்க அப்படி என்னதான் பண்ணினார்?

பெரிய மந்திரம் எதுவும் இல்ல. எங்க இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்துடுவார். முதலமைச்சரா இருந்தப்பவும் வந்தார். அந்தப் பழைய வீட்டு முன்னாடி விடியறதுக்கு முன்னாடியே ஆள் நிக்கும். கசங்கின வெள்ளைச் சட்டை, சீப்பு படாத தலை, சுத்தி இருபது பேர், ஒருத்தர் தோள்ல கை போட்டுக்கிட்டு இன்னொருத்தர் சொல்றதைக் கேட்டுக்கிட்டு மூணாவது ஆள் நீட்டின பேப்பர்ல நின்னபடியே எழுதிட்டிருப்பார். டேபிள் கிடையாது, உள்ள போக டோக்கன் கிடையாது. தனக்குன்னு ஒரு மொபைல் போன் வச்சுக்காத முதலமைச்சர் அவர், கூட இருக்கிறவங்க போனை வாங்கிப் பேசுவார். ஊர்ல அவரை யாரும் சார்னு சொல்ல மாட்டாங்க, குஞ்ஞூஞ்ஞு, வீட்டுச் செல்லப் பேரு. சர்ச்சுல நாற்காலி தேட மாட்டார், படியில உக்காந்துக்குவார். திருவனந்தபுரத்துல ஒரு வீடு கட்டினார், அந்த வீட்டுக்கு வச்ச பேரு 'புதுப்பள்ளி வீடு'. தலைநகர்ல போய் குடியிருந்தாலும் வாசல்ல தொகுதி பேரை எழுதி வச்சிருந்தார் மனுஷன்.

இதைச் சொல்றப்ப எனக்கு எங்க பாட்டி ஞாபகம் வருது. முதியோர் பென்ஷன் நின்னு போச்சுன்னு ஒரு மனு எழுதிக்கிட்டு நான் பாட்டியைக் கையைப் பிடிச்சு எங்க எம்.எல்.ஏ. ஆபீஸுக்கு மூணு தடவை கூட்டிட்டுப் போனேன். பூட்டு. ஒருநாள் தொறந்திருந்துச்சு, ஒரு பையன் வாங்கி வச்சுக்கிட்டான், பார்த்துச் சொல்றோம்மான்னான். அடுத்த எலெக்‌ஷன்ல அந்த எம்.எல்.ஏ.வுக்கு வேற தொகுதி, அங்கயும் ஜெயிச்சுட்டார். புதுசா வந்தவர்கிட்ட போய்க் கேட்டா அது பழைய ஆள்கிட்ட கொடுத்த மனு, எங்களுக்குத் தெரியாதுன்னுட்டாங்க. பாட்டி இப்ப இல்ல. அவர் ஜெயிச்சது அவர் ரெக்கார்டுல இருக்கும், எங்க பாட்டி மனு எந்த ரெக்கார்டுல இருக்கு? எங்க போனாலும் ஜெயிக்கிறது பெருமைன்னு எதிரணி சொல்றப்ப எனக்கு அந்தப் பூட்டுதான் கண்ணுல தெரியுது.

அடுத்து ஒண்ணு சொன்னாங்க, ஒரே தொகுதியைக் கட்டிக்கிட்டு அழறவர் வார்டு மெம்பர் மாதிரி ஆயிடுவார், மாநிலத்துக்கு ஆக மாட்டார்னு. உம்மன் சாண்டி தொழிலாளர் துறை, உள்துறை, நிதின்னு மூணு துறை பார்த்தவர். 2004-லயும் 2011-லயும் ரெண்டு தடவை முதலமைச்சர். 2011-ல சட்டசபையில 140 பேர்ல இவர் கூட்டணிக்கு 72, எதிர்ல 68, ரெண்டு பேர் கைமாறினா ஆட்சி அம்போ, அதை வச்சுக்கிட்டு அஞ்சு வருஷமும் ஓட்டினார். விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு 2015-ல ஒப்பந்தம் போட்டது அந்த ஆட்சிதான். அதோட புதுப்பள்ளி வீட்டு வாசல்ல நடந்ததை அப்படியே எடுத்து கேரளா முழுக்க மாவட்டம் மாவட்டமா 'ஜனசம்பர்க்கம்'னு மக்கள் குறை கேக்கிற முகாம் நடத்தினார், காலையில நிக்க ஆரம்பிச்சா நடுராத்திரி தாண்டியும் மனு வாங்கிட்டிருப்பார், 2013-ல அதுக்கு ஐ.நா.வோட பொதுச்சேவை விருது கிடைச்சுது. வில்லேஜ் ஆபீசர் செய்ற வேலையை முதலமைச்சர் செய்றாரேன்னு எதிர்க்கட்சி திட்டுச்சு. அந்தத் திட்டுல ஒரு நியாயம் இருக்கு, நான் மறுக்கல. ஆனா வில்லேஜ் ஆபீசர் செய்யாததாலதானே அந்தக் கூட்டம் அங்க வந்து நின்னுச்சு?

இனி முக்கியமான இடம், நடுவர் அய்யா இதைக் கொஞ்சம் குறிச்சுக்கணும்.

2021 மார்ச். கேரளாவுல பி.ஜே.பி. கையில இருந்த ஒரே சீட்டு நேமம், திருவனந்தபுரத்துல. அங்க ஒரு பெரிய தலை நின்னு ஜெயிச்சுக் காட்டணும்னு காங்கிரஸ்ல பேச்சு, உம்மன் சாண்டி நிப்பாருன்னு செய்தி. எதிரணி சொல்ற அதே வாதம்தான், பெரிய தலைவர்னா எங்க வேணா நின்னு ஜெயிக்கணும். செய்தி புதுப்பள்ளிக்கு வந்துச்சு. டெல்லியில இருந்து அவர் வீட்டுக்கு வர்றப்ப ஊரே வாசல்ல நிக்குது, பொம்பளைங்க அவர் போட்டோவைக் கையில பிடிச்சுக்கிட்டு அழறாங்க, காரை நகர விடல, ஒரு தொண்டர் வீட்டு மேற்கூரை மேல ஏறி நின்னுக்கிட்டு நீங்க போறேன்னு சொன்னா குதிச்சிடுவேன்ங்கிறார். இவர் கீழ நின்னு கையைத் தூக்கி, இறங்கு இறங்கு, நான் புதுப்பள்ளியை விட்டு எங்கயும் போகலன்னு சொன்ன பிறகுதான் ஆள் இறங்கினார்.

நாம நம்ம எம்.எல்.ஏ.வுக்காகக் கூரை மேல ஏறுவோமா? எங்க ஊர்ல ஒரு எம்.எல்.ஏ. தொகுதி மாறினப்ப யாருக்கும் ஒரு வாரத்துக்குத் தெரியவே இல்ல.

நேமத்துக்கு வடகரா எம்.பி.யா இருந்த கே. முரளீதரன் போனார். பெரிய தலைவர், முன்னாள் முதலமைச்சர் கருணாகரனோட பையன். மூணாவது இடம் வந்தார். மார்க்சிஸ்ட் கட்சி சிவன்குட்டி ஜெயிச்சார்.

எதிரணி இந்த இடத்துல ஒண்ணு கேப்பாங்க, நானே சொல்லிடறேன். அந்த 2021-ல உம்மன் சாண்டி புதுப்பள்ளியில வாங்கின வித்தியாசம் வெறும் 9,044 தானேன்னு. ஆமா. 2011-ல 33,255, 2016-ல 27,092, 2021-ல 9,044, இறங்கித்தான் வந்துச்சு. கோட்டயம் பக்கம் பலமா இருந்த கேரளா காங்கிரஸ் (மாணி)ங்கிற தனிக் கட்சி இடதுசாரி பக்கம் போயிடுச்சு, எட்டு பஞ்சாயத்துல ஆறு இடதுசாரி கையில. அப்படியும் நின்னார், அப்படியும் ஜெயிச்சார். 2016 இன்னும் மோசம், சோலார் பேனல் மோசடி விவகாரத்துல டி.வி.யைத் திறந்தா அவர் மேல புகார், அதுக்கு முன்னாடி 2013-ல கண்ணூர்ல கல்லெறிஞ்சு காயம், ஆட்சியே போச்சு. புதுப்பள்ளி 27,000 ஓட்டு வித்தியாசத்துல அனுப்புச்சு. அந்த வழக்குல அவர் மேல ஒண்ணும் இல்லன்னு சி.பி.ஐ. சொன்னது 2022 கடைசியில, அவர் சாகறதுக்கு ஆறேழு மாசம் முன்னாடி. அவரை வாசல்ல வச்சுப் பார்த்த ஊருக்கு ஆறு வருஷம் முன்னாடியே தெரிஞ்சிருந்துச்சு.

குடும்பச் சொத்து ஆயிடும்னும் சொன்னாங்க. பக்கத்து பாலா தொகுதியைப் பாருங்க. கே.எம். மாணி 1965-ல இருந்து 2019-ல சாகற வரைக்கும் 13 தடவை ஜெயிச்ச இடம். அவர் போன பிறகு இடைத்தேர்தல்ல மாணி சி. காப்பன்னு வேற குடும்பத்து ஆள் தட்டிக்கிட்டுப் போயிட்டார், 2021-ல கே.எம். மாணியோட பையனே நின்னும் தோத்தார். மக்கள் பட்டா எழுதிக் கொடுக்கறதில்ல. புதுப்பள்ளியில உம்மன் சாண்டி இறந்த பிறகு வந்த 2023 இடைத்தேர்தல்ல அவர் பையன் சாண்டி உம்மன் 37,719 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சார், அப்பா எந்தக் காலத்துலயும் வாங்காத வித்தியாசம். அது பையனுக்கு விழுந்த ஓட்டு இல்ல, அப்பாவுக்கு ஊர் கொடுத்த கடைசி ஓட்டுன்னுதான் நான் நினைக்கிறேன். அடுத்து அந்தப் பையன் என்ன செய்றாரோ அதுக்கு அவர்தான் பதில் சொல்லணும்.

மணி அடிச்சுட்டாங்க, ஒரே நிமிஷம் அய்யா.

அவர் இறந்தப்ப திருவனந்தபுரத்துல இருந்து கோட்டயத்துக்கு அரசு பஸ்ல உடலைக் கொண்டு போனாங்க. சுமார் 150 கிலோமீட்டர், நாலு மணி நேரத்துல போற தூரம். ஒரு பகல், ஒரு முழு ராத்திரி தாண்டி, 24 மணி நேரத்துக்கு மேல ஆச்சு. மழையில, நடுராத்திரி ரெண்டு மணிக்கு, குழந்தையைத் தூக்கிக்கிட்டு ரோட்டோரம் நின்னாங்க. எங்க டீக்கடையில யாரும் சேனல் மாத்தல. அரசு மரியாதை வேண்டாம்னு அவர் சொல்லி வச்சிருந்ததால குண்டு முழக்கம்லாம் இல்ல, அந்தப் புதுப்பள்ளி சர்ச்சு வளாகத்துலயே அடக்கம்.

அதுக்கப்புறம் அந்தக் கல்லறைக்கு ஜனங்க வர்றாங்க, மெழுகுவத்தி ஏத்தறாங்க. சில பேர் பேப்பரை மடிச்சு அங்க வச்சுட்டுப் போறாங்க. பேரு, ஊரு, விவரம் எல்லாம் எழுதின மனு. எங்க பாட்டி கையில வச்சிருந்த மாதிரியே.

நன்றி அய்யா, வணக்கம்.