24 இன்னிங்ஸ் வீசிய கை

அனைவருக்கும் வணக்கம்.

பேச ஆரம்பிக்கும் முன் இந்தப் பந்தை முதல் வரிசையில் கொடுக்கிறேன். ஒவ்வொருவராகக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பின்னால் அனுப்புங்கள். கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் எடை குறைவு. வெள்ளைத் தோல், சிவப்பு நூல். அந்தத் தையலைக் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். மொத்தம் 108 தையல். அதில் விரலை அழுத்தி, கை பந்தை விடும் நேரத்தில் மணிக்கட்டைச் சுண்டினால் பந்து வளைந்து கீழே இறங்கும். அப்படி ஒரு முறை எறிந்து பார்த்தாலே முழங்கையின் உள்பக்கம் ஓர் இழுப்பு தெரியும். இன்றைக்கு நான் பேசப்போகும் ஜாக் கூம்ப்ஸ் அதையே ஆயிரக்கணக்கான முறை செய்த மனிதர்.

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பந்தெறிபவர் பிட்சர். முழங்கையை மடக்கித்தான் எறிவார், பந்து தரையில் படாமல் மட்டையை நோக்கி வரும். நடுவில் இருக்கும் தூரம் 18.44 மீட்டர், நம் கிரிக்கெட் பிட்சைவிடச் சற்றுக் குறைவு. மூன்று பேர் அவுட் ஆனால் ஒரு அணியின் இன்னிங்ஸ் முடிந்தது. ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஆக, ஒரு பிட்சர் ஆட்டம் முழுக்க வீசினால் 27 பேரை வெளியேற்ற வேண்டும். ஒன்பது முடிந்தும் சமநிலை என்றால், யாராவது ஜெயிக்கும்வரை ஆட்டம் நீளும்.

கூம்ப்ஸ் 1882இல் அயோவா மாநிலத்தில் பிறந்தவர். வளர்ந்ததெல்லாம் வடகிழக்குக் கோடியில் இருக்கும் மெய்ன் மாநிலத்தில். அங்கே வாட்டர்வில் என்ற ஊரில் கோல்பி கல்லூரியில் வேதியியல் படித்தார். கடைசிவரை 'கோல்பி ஜாக்' என்ற பட்டப்பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது அதனால்தான். தொழில்முறை ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் பள்ளிப்படிப்பைத் தாண்டாத காலம் அது. ஃபிலடெல்ஃபியா அத்லெடிக்ஸ் அணியை நடத்திய கானி மேக்குக்கு மட்டும் படித்த பிள்ளைகள் மீது தனிப் பிரியம். கூம்ப்ஸ் 1906இல் பட்டம் வாங்கினார், அதே வருஷம் ஜூலை 5ஆம் தேதி மேக்கின் அணிக்காகக் களத்தில் நின்றார். முதல் ஆட்டத்திலேயே வாஷிங்டன் அணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை.

இரண்டே மாதம் கழித்து, செப்டம்பர் 1. இடம் பாஸ்டன். ஆறாவது இன்னிங்ஸில் ஆட்டம் 1-1 என்று நின்றது. ஒன்பது முடிந்தது, அதே 1-1. பதினைந்து, இருபது, இருபத்திமூன்று... அசையவில்லை. கூம்ப்ஸும் எதிரணியின் ஜோ ஹாரிஸும் மாறி மாறி வீசிக்கொண்டே இருந்தார்கள். இருவரையும் மாற்ற யாரும் வரவில்லை. 24ஆவது இன்னிங்ஸில்தான் அத்லெடிக்ஸ் மூன்று ரன் எடுத்து 4-1 என்று ஜெயித்தது. ஏறக்குறைய நான்கே முக்கால் மணி நேர ஆட்டம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 இன்னிங்ஸ் என்றால் 72 பேர் அவுட். அதில் 18 பேர் ஸ்ட்ரைக் அவுட். அதாவது மட்டைக்காரருக்கு எதிராக மூன்று ஸ்ட்ரைக் (அவர் மட்டை வீசித் தவறவிட்ட பந்து, அல்லது சரியான இடத்தில் வந்தும் அடிக்காமல் விட்ட பந்து) விழ வேண்டும், அதற்குக் குறைந்தது மூன்று பந்தாவது வீச வேண்டும். அந்தப் பதினெட்டுப் பேருக்கு மட்டுமே ஐம்பத்திநான்கு பந்து ஆகிவிட்டது. மீதி 54 பேருக்கு எத்தனை? இந்தக் காலத்தில் ஒரு பிட்சர் நூறு பந்தை நெருங்கினாலே பயிற்சியாளர் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவார். அன்றைக்கு கூம்ப்ஸுக்கு வயது 23.

அந்த நாளைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் வீரம் என்றே எழுதுகிறார்கள். எனக்கு அப்படி மட்டும் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. முப்பது வருஷம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு போட்டியில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனை ஒரே முனையிலிருந்து காலை முழுக்கப் பந்து வீச வைத்தேன். நல்ல வேகம் அவனுக்கு. ஜெயித்தோம், கோப்பையோடு படமும் எடுத்துக்கொண்டோம். அடுத்த வாரம் அவனால் தோளுக்கு மேல் கையைத் தூக்க முடியவில்லை. சட்டை மாட்ட அவன் அம்மா உதவி செய்ய வேண்டியிருந்தது. 'சார், பரவாயில்லை சார்' என்றுதான் என்னிடம் சொன்னான். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த 24 இன்னிங்ஸைப் பற்றி முதலில் படித்தபோது எனக்கு அவன் முகம்தான் வந்தது.

எதிரில் நின்ற ஜோ ஹாரிஸையும் நினைத்துப் பாருங்கள். அந்த வருஷம் அவர் கணக்கு 2 வெற்றி, 21 தோல்வி. அன்றைக்கு அவர் வீசிய வீச்சுக்கும் கிடைத்தது இன்னொரு தோல்விதான்.

அடுத்த இரண்டு பருவங்களும் கூம்ப்ஸுக்குச் சுமார்தான். 1908இல் பல ஆட்டங்களில் அவரை வெளிக்களத்தில் ஃபீல்டராகக்கூட நிறுத்தினார்கள். அப்புறம் வந்தது 1910. 31 வெற்றி, 9 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர் விட்ட ரன் 1.30. அவற்றில் 13 ஆட்டங்களில் எதிரணிக்கு ரன்னே இல்லை. இரண்டு பெரிய லீகுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் ஒரே பருவத்தில் இதைத் தாண்டியவர் இன்றுவரை யாரும் கிடையாது. தொடர்ந்து 53 இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசினார். அந்தச் சாதனையை 1913இல் வால்ட்டர் ஜான்சன் முறியடித்தார். 1910 அக்டோபரில் உலகத் தொடர், அதாவது இரண்டு லீகின் சாம்பியன்களும் மோதும் இறுதித் தொடர். எதிரணி சிகாகோ கப்ஸ். 18, 20, 23 ஆகிய தேதிகளில் கூம்ப்ஸ் மூன்று ஆட்டம் முழுதாக வீசி மூன்றையும் ஜெயித்தார். ஆறு நாளில் மூன்று! மறுவருஷம் நியூயார்க் ஜயன்ட்ஸின் கிறிஸ்டி மேத்யூசனோடு மோதி, 11 இன்னிங்ஸில் 3-2 என்று வென்றார். அந்தத் தொடரிலேயே இடுப்புக்குக் கீழே தசை பிடித்துக்கொண்டது. வலியோடு வீசினார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியாது. கூம்ப்ஸ் ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்த அதே 1906இல், அதே ஊரில், ஃபிலடெல்ஃபியா ஜயன்ட்ஸ் என்ற கறுப்பின அணிக்காக ரூப் ஃபாஸ்டர் வீசிக்கொண்டிருந்தார். அசாத்தியமான பிட்சர். தோலின் நிறத்துக்காகப் பெரிய லீகுகளின் கதவு அவருக்குத் திறக்கவேயில்லை. அவரும் பின்னாளில் அணியை வழிநடத்துபவராக மாறி, 1920இல் நீக்ரோ நேஷனல் லீகையே உருவாக்கினார். கூம்ப்ஸின் எண்களைப் படிக்கும்போதெல்லாம், அவர் எதிரில் யார் யார் மட்டை பிடிக்க அனுமதிக்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

சரி, 1913க்கு வருவோம். அந்த வருஷம் கூம்ப்ஸுக்கு டைபாய்டு வந்தது. நமக்கு டைபாய்டு என்றால் மாத்திரை, ஊசி, இரண்டு மூன்று வாரம் கஞ்சி. அன்றைக்கு மருந்தே கிடையாது. அந்த நோய்க்கு முதலில் கைகொடுத்த ஆன்டிபயாட்டிக் புழக்கத்துக்கு வந்ததே 1940களின் கடைசியில்தான். காய்ச்சல் தானாக இறங்க வேண்டும், இல்லையென்றால் ஆள் போக வேண்டும். கூம்ப்ஸுக்கு நோய் முதுகெலும்பையும் பிடித்தது. மாதக்கணக்கில் படுக்கை. 1913இல் இரண்டு ஆட்டம், 1914இல் இரண்டு ஆட்டம், அவ்வளவுதான். பிறகு மேக் அவரை விடுவித்துவிட்டார்.

முப்பத்திரண்டு வயது. பந்துவீச்சுக்கு முதுகுதான் ஆதாரம், கை அதன் நுனி மட்டும்தான். அந்த முதுகோடு அவர் புரூக்ளின் அணியில் சேர்ந்து 1915இல் 15 ஆட்டம் ஜெயித்தார். பழைய வேகத்தை நம்பியிருந்தால் அது நடந்திருக்காது. மட்டைக்காரர் எங்கே நிற்கிறார், எதற்குக் காத்திருக்கிறார் என்று பார்த்து வீசுபவரால்தான் அது முடியும். 1916 உலகத் தொடரில் புரூக்ளினுக்குக் கிடைத்த ஒரே வெற்றி கூம்ப்ஸ் வீசியது. அந்த ஆட்டத்தில் ஏழாவது இன்னிங்ஸில் பந்தை ஜெஃப் ஃபெஃபரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். மீதியை ஃபெஃபர் முடித்தார், 4-3. பத்து வருஷத்துக்கு முன்னால் 24 வரை நின்றவர், இப்போது ஏழில் இறங்குகிறார். அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

உலகத் தொடர்களில் அவர் மொத்தக் கணக்கு 5 வெற்றி, தோல்வி ஒன்றுகூட இல்லை. 1919இல் ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் அணிக்கு மேலாளராகப் போனார். 18 வெற்றி, 44 தோல்வி, பாதிப் பருவத்திலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு கல்லூரிகள் பக்கம் திரும்பினார். வில்லியம்ஸ், பிரின்ஸ்டன், கடைசியில் வட கரோலினாவில் டியூக் பல்கலைக்கழகம்.

டியூக்கில் 1929 முதல் 1952 வரை. எண்ணிப் பாருங்கள், 24 பருவங்கள். 381 வெற்றிகள். ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்க 1930களில் ஒரு பாடப்புத்தகமும் எழுதினார். அதில் ஒவ்வொரு ஆட்டக்காரரின் வேலை தனியாகவும், எல்லோரும் அணியாகச் சேர்ந்து யோசிக்க வேண்டிய உத்தி தனியாகவும் வரும். வேதியியல் படித்தவர் பேஸ்பாலுக்கு எழுதிய செய்முறைப் புத்தகம் என்று நான் அதைச் சொல்வேன்.

அவரிடம் வளர்ந்தவர்களில் பில்லி வெர்பர் அமெரிக்கன் லீகில் மூன்று முறை அதிக பேஸ் திருடியவராக, அதாவது பிட்சர் வீசும் நேரத்தில் அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்ந்தவராக வந்தார். கடைசி வருஷ மாணவர் டிக் குரோட், கூடைப்பந்திலும் நாடறிந்த பெயர்.

1952 ஜூனில் டியூக் முதன்முறையாகக் கல்லூரிகளின் உலகத் தொடருக்கு ஒமாஹா நகரம் போனது. கூம்ப்ஸுக்கு 69 வயது, அது அவருடைய கடைசிப் பருவம். கோப்பை டியூக்குக்குக் கிடைக்கவில்லை. ஜெயித்தது ஹோலி கிராஸ் கல்லூரி. அதன் பயிற்சியாளர் யார் தெரியுமா? ஜாக் பாரி. 1910இல் கூம்ப்ஸ் வீசும்போது பின்னால் ஷார்ட்ஸ்டாப் என்ற ஃபீல்டிங் இடத்தில் நின்ற அதே பாரி. கானி மேக்கின் இரண்டு பழைய பையன்கள், நாற்பத்திரண்டு வருஷம் கழித்து, ஒரே ஊரில் ஆளுக்கொரு கூட்டம் மாணவர்களை அழைத்துக்கொண்டு வந்து நின்றார்கள்.

அது முடிந்த கையோடு குரோட், கீழ்நிலை லீகுகளில் ஒரு நாள்கூட ஆடாமல், நேராகப் பிட்ஸ்பர்க் அணிக்குப் போனார். 1960இல் பிட்ஸ்பர்க் உலகத் தொடரை வென்றது. அந்த வருஷம் நேஷனல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது குரோட்டுக்கு. கூம்ப்ஸ் அதைப் பார்க்கவில்லை. 1957 ஏப்ரல் 15 அன்று, மனைவியின் சொந்த ஊரான டெக்சாஸின் பாலஸ்தீனில் அவர் காலமாகிவிட்டார். டியூக்கின் பேஸ்பால் மைதானத்துக்கும், அவர் படித்த கோல்பி கல்லூரியின் மைதானத்துக்கும் அவர் பெயரையே வைத்தார்கள்.