33 பேர் கொண்ட ரக்பி குழாம்: கடைசி மூன்று இடங்கள் யாருக்கு?

[திரையில்: 33 வெற்றுக் கட்டங்கள். ஒவ்வொன்றாக நிரம்புகின்றன. கடைசி மூன்று காலியாக நிற்கின்றன.]

ரக்பி உலகக் கிண்ணத்துக்கு ஒரு நாடு எத்தனை பேரைக் கொண்டுபோகலாம்? 2019 இல் 31 பேர். 2023 இல் பிரான்ஸில் நடந்தபோது 33 பேர். ரக்பியைத் தொடர்ந்து பார்க்கிற ஒருவரிடம் பேனாவைக் கொடுத்தால், தன் நாட்டுக் குழாத்தின் 30 பெயர்களை அறிவிப்புக்கு முன்னமே எழுதிவிடுவார். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். மாதக்கணக்கில் நடக்கிற வாக்குவாதம் எல்லாம் மிச்சமிருக்கிற மூன்று இடங்களுக்குத்தான். அந்த மூன்று இடங்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

நான் மட்டக்களப்பில் இருந்து பேசுகிறேன். இங்கே குழாம் பற்றிய சண்டைக்குக் குறைவில்லை. இலங்கை கிரிக்கெட் குழாம் அறிவிக்கப்படுகிற நாளில் கல்லடியில் எந்தத் தேத்தண்ணிக் கடைக்குப் போனாலும் "அவனை ஏன் மச்சான் எடுக்கல்ல?" என்ற கேள்வி காதில் விழும். கிரிக்கெட்டுக்கு அது நியாயமான கேள்வி. நாலாம் இலக்கத்தில் துடுப்பெடுத்தாடுகிறவரை ஆறாம் இலக்கத்தில் இறக்கலாம், பெரிய குழப்பம் வராது. ரக்பியில் அந்த ஒரு கேள்வியோடு நின்றால் பாதி விடயம் கண்ணிலேயே படாது. "அவனை எடுத்தால் யாரை விடுறது? விடப்பட்டவன் செய்த வேலையை யார் செய்யிறது?" இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஏன் என்று பார்ப்போம்.

[திரையில்: ஸ்க்ரம் ஒன்றின் மேலிருந்து எடுத்த வரைபடம். 1, 2, 3 இலக்கங்கள் சிவப்பில்.]

ஓர் அணியில் 15 பேர். அதில் 8 பேர் முன்கள வீரர்கள், 7 பேர் பின்கள வீரர்கள். முன்களத்தின் 8 பேரும் சேர்ந்து எதிரணியின் 8 பேரோடு தோளைக் கொடுத்துத் தள்ளுவதுதான் ஸ்க்ரம். சர்வதேச அணிகளில் ஒரு பக்கத்து எடை மட்டுமே ஏறக்குறைய 900 கிலோ வரும். அந்த எடை முழுவதையும் தாங்குவது முன்வரிசையின் மூன்று பேர். 1 ஆம் இலக்கமும் 3 ஆம் இலக்கமும் ப்ரொப், நடுவில் 2 ஆம் இலக்கம் ஹூக்கர். கழுத்தும் முதுகும் அந்த வேலைக்கென்றே பல வருடம் பழகியிருக்க வேண்டும். பழகாத ஒருவரை அங்கே நிறுத்தினால் கழுத்து முறியலாம். அதனால்தான் சட்டம் இதில் விட்டுக்கொடுப்பதே இல்லை. போட்டி நாளின் 23 பேரில், அதாவது ஆடும் 15 பேரும் மாற்று வீரர்கள் 8 பேரும் சேர்ந்தால், முன்வரிசையில் ஆடப் பயிற்சி உள்ளவர்கள் குறைந்தது 6 பேர் இருந்தாக வேண்டும். அவர்கள் தீர்ந்துபோனால் நடுவர் தள்ளுதல் இல்லாத ஸ்க்ரமுக்கு உத்தரவிடுவார். இரண்டு அணியும் கோர்த்து நிற்கும், ஒருவரையொருவர் தள்ளக் கூடாது. ஸ்க்ரமை நம்பி ஆடுகிற அணிக்கு அதைவிடப் பெரிய அடி கிடையாது.

ஹூக்கருக்கு இன்னொரு வேலையும் உண்டு. பந்து பக்கக் கோட்டைத் தாண்டிப் போனால் லைன் அவுட். தூக்கிப் பிடிக்கப்பட்ட ஒருவரின் கைக்கு, அவர் உயரத்தில் நிற்கிற அந்த நொடியில், பந்தை நேராக எறிவது வழமையாக ஹூக்கர்தான்.

இப்போது 33 ஐப் பிரித்துப் பாருங்கள். ப்ரொப் ஐந்து அல்லது ஆறு பேர். ஹூக்கர் மூன்று. பந்தை ஸ்க்ரமில் இருந்து எடுத்துக் கொடுக்கிற ஸ்க்ரம் ஹாஃப் மூன்று. ஆட்டத்தை நடத்துகிற, பெரும்பாலும் புள்ளிக்காகக் கம்பத்துக்கு உதைக்கிற ஃப்ளை ஹாஃப் இரண்டு, சில நாடுகளுக்கு மூன்று. பட்டியலில் பாதிக்குக் கிட்ட இங்கேயே போய்விட்டது. மீதி இடங்களுக்கு முன்களத்தின் லொக், ஃப்ளேங்கர், பின்களத்தின் சென்டர், விங் என்று நாட்டின் அத்தனை நட்சத்திரங்களும் முட்டிமோத வேண்டும். அதனால் நாட்டின் நான்காவது சிறந்த விங் வீட்டில் இருப்பார், நீங்கள் பெயரே கேள்விப்படாத மூன்றாவது ஹூக்கர் விமானம் ஏறுவார். திறமையில் இருவரையும் ஒப்பிட்டு எடுத்த முடிவு அல்ல அது.

சரி, இந்தக் கணக்கை மீறி ஒரு நாடு சூதாடினால்?

[திரையில்: தென்னாபிரிக்கா, 2023. பச்சை ஜேர்சிகள்.]

2023 இல் தென்னாபிரிக்கா நடப்புச் சம்பியன். அவர்கள் அறிவித்த 33 பேரில் ஸ்க்ரம் ஹாஃப் நான்கு பேர் இருந்தார்கள். முழுநேர ஹூக்கர் இரண்டே பேர், மல்கம் மார்க்ஸும் பொங்கி ம்பொனம்பியும். மூன்றாவது ஹூக்கர் இடத்துக்கு டியோன் ஃபூரியைக் காட்டினார்கள். முன்பு ஹூக்கராக ஆடி, பிறகு ஃப்ளேங்கராக மாறியவர் அவர். தொடரின்போது 37 வயது. இன்னொரு பெரிய விடயம், 2019 இறுதிப் போட்டியில் வென்ற ஃப்ளை ஹாஃப் ஹான்ட்ரே பொலார்ட் அந்தப் பட்டியலில் இல்லை. கெண்டைக்கால் உபாதை. அவர் இடத்தில் மானி லிபொக். பந்தைக் கைமாற்றுவதிலும் ஆட்டத்தைப் படிப்பதிலும் அருமையான வீரர், ஆனால் கம்பத்துக்கு உதைப்பதில் நம்பிக்கை வைக்க முடியாது.

தொடர் தொடங்கி முதல் போட்டி முடிந்த கையோடு பயிற்சியில் மார்க்ஸின் முழங்கால் போய்விட்டது. உபாதையால் குழாத்தை விட்டுப் போகிறவர் திரும்பி வர முடியாது. அவருக்குப் பதிலாக ஒருவரை எடுக்கலாம். அதே இடத்தில் ஆடுகிறவராக இருக்க வேண்டும் என்று விதி இல்லை. ஹூக்கர் போனால் ஹூக்கரை எடுப்பார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பயிற்றுவிப்பாளர்கள் பொலார்டை அழைத்தார்கள்.

அதாவது, 900 கிலோவைத் தாங்குகிற ஒருவருக்குப் பதிலாக உதைக்கிற ஒருவர். அன்று இதைப் பைத்தியக்காரத்தனம் என்று எழுதியவர்கள் குறைவில்லை.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். அயர்லாந்துடன் 13-8 என்று தோற்ற ஆட்டத்தில் தென்னாபிரிக்கா தவறவிட்ட உதைகள் மட்டும் 11 புள்ளிகள் பெறுமதி. அன்றைய 23 பேரில் பொலார்ட் இல்லை. அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக லிபொக்கை முதல் பாதியிலேயே வெளியே எடுத்துப் பொலார்டை இறக்கினார்கள். கடைசி நிமிடங்களில் ஏறக்குறைய 50 மீற்றர் தூரத்தில் இருந்து ஒரு பெனால்டி, 16-15. இறுதிப் போட்டியில் நியூசிலாந்துக்கு எதிராகத் தென்னாபிரிக்கா எடுத்த 12 புள்ளிகளும் அவர் காலால் வந்தவை. முடிவு 12-11.

இத்தோடு நிறுத்தினால் தெரிவாளர்கள் மேதைகள் என்று சொல்லி எழுந்துவிடலாம். ஆனால் அதே இறுதிப் போட்டியின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களில் ம்பொனம்பி முழங்கால் உபாதையோடு வெளியேறினார். மிச்சம் இருந்த ஒரே ஹூக்கர் 37 வயது ஃபூரி. அவர் ஏறக்குறைய ஆட்டம் முழுவதையும் ஆடினார். ஸ்க்ரமைச் சமாளித்தார்கள், லைன் அவுட் தடுமாறியது. ஃபூரிக்கும் ஏதாவது ஆகியிருந்தால்? தள்ளுதல் இல்லாத ஸ்க்ரம். அன்றைக்கு மாற்று வீரர்கள் 8 பேரில் 7 பேர் முன்கள வீரர்கள். பின்களத்துக்கு வில்லி லெ ரூ ஒருவர்தான். இரண்டாம் பாதியில் புதிய முன்களத்தை இறக்கி எதிரணியை நசுக்குவதுதான் அவர்களுடைய முழுத் திட்டமும். ஒரு மனிதரின் தோள்பட்டையில் அவ்வளவும் தொங்கிக்கொண்டிருந்தது.

எனவே என் கருத்தை நேராகச் சொல்கிறேன். பொலார்டை அழைத்தது சரியான முடிவு. முதலிலேயே இரண்டு ஹூக்கர்களோடு போனது தவறான முடிவு. கிண்ணம் கிடைத்ததால் அந்தத் தவறு சரியாகிவிடாது. நான்காவது ஸ்க்ரம் ஹாஃபின் இடத்தில் மூன்றாவது ஹூக்கர் இருந்திருந்தால், மார்க்ஸ் போனபோது பொலார்டை எடுப்பதில் யாருக்கும் தயக்கமே இருந்திருக்காது. ஒரு தெரிவை மதிப்பிடும்போது அறிவித்த அன்று தெரிந்த விடயங்களை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். வென்றவர்களுக்குச் சார்பாகப் பிறகு கதை கட்டுவது எல்லா விளையாட்டிலும் நடக்கிறது. எனக்கு அது பிடிக்காது.

குழாத்துக்கு வெளியே இருப்பவரும் குழாத்தின் ஒரு பகுதிதான் என்பதற்கு இன்னொரு உதாரணம் 2011. நியூசிலாந்தின் ஃப்ளை ஹாஃப் டான் காட்டருக்கு உபாதை. அடுத்தவர் கொலின் ஸ்லேட், அவருக்கும் உபாதை. மூன்றாவது ஏரன் க்ரூடன், இறுதிப் போட்டியிலேயே உபாதை. நான்காவதாக வந்தவர் ஸ்டீபன் டொனால்ட். முதல் பட்டியலில் அவர் பெயரே இல்லை. அழைப்பு வந்தபோது ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். பிரான்ஸுக்கு எதிரான அந்த இறுதிப் போட்டியில் 8-7 என்று வெல்ல வைத்த பெனால்டி அவருடையது.

[திரையில்: உலக வரைபடம். தென்னாபிரிக்காவில் இருந்து அயர்லாந்துக்கு ஓர் அம்புக்குறி, பிறகு திரும்பி.]

யார் எந்த நாட்டுக்கு ஆடலாம் என்பதும் இந்த வாக்குவாதத்தில் பெரிய பங்கு. 2019 இல் அயர்லாந்து, நீண்டகாலம் ஆடிய உயரமான லொக் டெவின் டோனரை விட்டுவிட்டு ஜோன் கிளெய்னை எடுத்தது. கிளெய்ன் தென்னாபிரிக்காவில் பிறந்தவர். 36 மாதம் அயர்லாந்தில் வசித்ததால் தகுதி பெற்றவர், அதுவும் தொடருக்குச் சற்று முன்னர்தான். அங்கே பெரிய கொந்தளிப்பு. அயர்லாந்து கால் இறுதியில் 46-14 என்று நியூசிலாந்திடம் விழுந்தது. 2022 இல் இருந்து வசிப்பு நிபந்தனை 60 மாதம். அதே ஆண்டில் வந்த இன்னொரு விதிப்படி, மூன்று வருடம் சர்வதேசப் போட்டி ஆடாதவர், தான் பிறந்த நாட்டுக்கோ பெற்றோர், பாட்டன் பாட்டி பிறந்த நாட்டுக்கோ ஒரு தடவை மாறலாம். அதைப் பயன்படுத்திய கிளெய்ன், 2023 இல் கிண்ணம் வென்ற தென்னாபிரிக்கக் குழாத்தில் இருந்தார்.

சில நாடுகள் வெளிநாட்டுக் கழகங்களில் ஆடுகிறவர்களை எடுப்பதில்லை. நியூசிலாந்தும் இங்கிலாந்தும் அப்படி. தென்னாபிரிக்கா அந்தக் கதவைத் திறந்துவைத்திருந்ததால்தான் இங்கிலாந்தின் லெஸ்டர் கழகத்தில் இருந்த பொலார்டை அழைக்க முடிந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கைக்கு ரக்பி புதிதல்ல. கொழும்பில் 1879 இலேயே கழகம் தொடங்கிவிட்டது. கண்டி திரித்துவக் கல்லூரியில் 1891 இல் ஆட்டம் வந்தது. ரோயல், திரித்துவக் கல்லூரிகளின் பிரட்பி கேடயம் 1945 இல் இருந்து நடக்கிறது. ஆனாலும் இலங்கை ஒரு தடவையும் ரக்பி உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெறவில்லை. 2027 இல் அவுஸ்திரேலியாவில் 24 நாடுகள் ஆடப் போகின்றன. ஆசியாவில் இருந்து ஹொங்கொங் முதல் தடவையாகத் தகுதி பெற்றிருக்கிறது.

இலங்கைக் குழாம் அறிவிக்கப்படும்போது நடக்கிற வாதம் பெரும்பாலும் கொழும்புப் பாடசாலைகளில் படித்தவரா, கண்டிப் பாடசாலைகளில் படித்தவரா என்று போகும். வீரர்கள் வருகிற பாதையே அது. பாடசாலை அணி, அங்கிருந்து கண்டி கழகம், சீ.ஆர்., ஹெவ்லொக் அல்லது இராணுவம், கடற்படை, பொலிஸ் அணிகள், அங்கிருந்து தேசிய அணி. இலங்கைக்குத் தலைமை தாங்கிய ஃபாசில் மரிஜா கண்டி கிங்ஸ்வூட் கல்லூரியில் தொடங்கிக் கண்டி கழகத்தில் வளர்ந்தவர். திறமை நிறைய, பாதையும் பக்கத்தில் இருந்தது.

எங்கள் பக்கத்தில் அந்தப் பாதையின் முதல் படியே தூரம். மட்டக்களப்பில் இருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். வெபர் மைதானத்தில் உதைபந்தாட்டம் இருக்கிறது, கிரிக்கெட் இருக்கிறது. கல்முனை சந்தாங்கேணியில் உதைபந்தாட்டத்துக்குக் கூடுகிற கூட்டம் உங்களுக்கே தெரியும். ஓட்டமும் உடம்பும் தைரியமும் உள்ள பிள்ளைகள் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு 16 வயதுப் பிள்ளை எவ்வளவு வேகமாக ஓடினாலும், வாரா வாரம் ஆடுவதற்கு எதிரணி வேண்டும், பார்க்கிறதுக்கு ஒரு தெரிவாளர் வேண்டும்.

இது மாறக்கூடியது என்று நான் நம்புவதற்கு மட்டக்களப்பிலேயே காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் லூசியானாவில் இருந்து வந்த இயேசு சபைக் குரு யூஜின் ஹீபர்ட் அடிகளார், புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்தாட்டம் பழக்கினார். நாட்டின் எந்தப் பெரிய பாடசாலையோடும் மோதி வெல்கிற அணிகள் அங்கிருந்து வந்தன. 1990 ஓகஸ்டில் அவர் காணாமற்போனார். இன்றும் மட்டக்களப்பு என்றால் கூடைப்பந்தாட்டம் நினைவுக்கு வருகிறது. ஒரு நல்ல பயிற்றுவிப்பாளரும் ஒழுங்கான போட்டிகளும் என்ன செய்யும் என்பதை இந்த ஊர் ஏற்கெனவே பார்த்திருக்கிறது.

ரக்பியில் நாங்கள் நுழையச் சுலபமான வாசல் எழுவர் ஆட்டம் என்பது என் எண்ணம். ஒரு பக்கம் 7 பேர், பாதிக்கு 7 நிமிடம், ஸ்க்ரமில் மூன்று மூன்று பேர்தான். ஒலிம்பிக்கில் குழாம் 12 பேர். 900 கிலோக் கணக்கு இங்கே இல்லை. வேகமும் மூச்சும்தான் முக்கியம். சிறுவர்களுக்கு, ஆளைப் பிடித்து வீழ்த்தாமல் இடுப்பு நாடாவை இழுக்கிற டெக் ரக்பியில் தொடங்கலாம். கல்லடிக் கடற்கரை மணலே போதும்.

[திரையில்: மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வரைபடம். வெற்றுப் புள்ளிகள்.]

இந்த வரைபடத்தை நிரப்ப உங்கள் உதவி வேண்டும். உங்கள் பாடசாலையிலோ கழகத்திலோ ரக்பி ஆடுகிறீர்கள் என்றால், எந்த ஊர், எந்த வயதுப் பிரிவு, கடைசியாக யாரோடு ஆடினீர்கள் என்று கீழே எழுதுங்கள். எதிரணி கிடைக்காமல் இருந்தால் அதையும் எழுதுங்கள். பக்கத்து ஊரில் இன்னோர் அணியும் இதே மாதிரித் தேடிக்கொண்டிருந்தால், இரண்டு அணியையும் நான் தொடர்புபடுத்திவிடுகிறேன்.