அச்சாணியைப் பார்த்து டிக்கெட் எடுங்கள்

(காரைக்குடியில் இலக்கிய அமைப்பொன்றின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பேராசிரியர் ஐயா அவர்களே, வரவேற்புரையிலேயே என் நேரத்தையும் சேர்த்துப் பேசி முடித்துவிட்ட செயலாளர் அவர்களே, பள்ளத்தூரிலிருந்தும் கண்டனூரிலிருந்தும் வண்டி பிடித்து வந்திருக்கும் பெரியவர்களே, முன்வரிசையில் விசிறியோடு அமர்ந்திருக்கும் ஆச்சிமார்களே, உட்கார இடமில்லாமல் தூணில் சாய்ந்து நிற்கும் கல்லூரிப் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். மண்டபத்தை வாடகையில்லாமல் தந்த குடும்பத்தாருக்கும், காலையிலிருந்து ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் தம்பிக்கும் தனி நன்றி. பெரியவர் ஒருவர் இந்தத் தள்ளாத வயதிலும் வந்து குத்துவிளக்கு ஏற்றினார். அவருக்கு முன்னால் நின்று சினிமா பேசுவது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் சிரித்துத் தலையாட்டிவிட்டார், ஆகவே பேசுகிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘நடிகருக்காகப் படம் பார்க்கலாமா?’ நான்கு செய்தி சொல்லலாம் என்று இருக்கிறேன். முகத்தைப் பார்த்து ஏன் டிக்கெட் எடுக்கிறோம் என்பது ஒன்று. பிடிக்காத நடிகர் என்பதற்காக ஒரு படத்தை ஒதுக்கலாமா என்பது இரண்டு. பின்னே எதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பது என்பது மூன்று. வீட்டுக்குள்ளேயே வந்துவிட்ட ஓ.டி.டி. நான்கு.

அதற்கு முன் ஒரு பழமொழி. ‘அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது.’ பிள்ளையார்பட்டிச் சதுர்த்தித் தேரைப் பாருங்கள். கண் முதலில் போவது மேலே இருக்கிற அலங்காரத்துக்கு. அடுத்து வடம் பிடிக்கிற கூட்டத்துக்கு. சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிறவரை யாரும் பார்ப்பதில்லை. அவர் கை ஒரு நொடி பிந்தினால் தேர் யார் வீட்டுத் திண்ணையில் ஏறும் என்று சொல்ல முடியாது. சினிமாவில் அந்த முட்டுக்கட்டைக்காரர்தான் எடிட்டர். எந்த எடிட்டருக்காவது எந்த ஊரிலாவது கட் அவுட் வைத்துப் பால் ஊற்றியிருக்கிறார்களா?

முகத்தைப் பார்த்து டிக்கெட் எடுப்பது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. 150 ரூபாய் போட்டுக் கடையில் மிளகாய்த் தூள் வாங்கினால் மோந்து பார்த்து வாங்கலாம். சினிமாவை மோந்து பார்க்க முடியாது. போன தடவை ஏமாற்றாத முகம் இந்தத் தடவையும் ஏமாற்றாது என்று நம்பிப் போகிறோம். அதில் நியாயம் இருக்கிறது. அந்த நம்பிக்கையை வைத்து ஒரு வியாபாரமே நடப்பதுதான் சங்கடம்.

வியாபாரத்தை விளக்கமாகச் சொன்னால்தான் புரியும். தமிழ்நாட்டைப் பட விநியோகத்துக்கு ஏரியா ஏரியாவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். காரைக்குடி மதுரை–ராமநாதபுரம் ஏரியா, பேச்சு வழக்கில் எம்.ஆர். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் புதுக்கோட்டைப் பக்கம் போனால் திருச்சி–தஞ்சை, அதாவது டி.டி. நம் செட்டிநாட்டுக்கு நடுவிலேயே ஒரு கோடு ஓடுகிறது. கல்யாணம் காட்சிக்குக் கோடு கிடையாது, சினிமாவுக்கு உண்டு. பெரிய நடிகர் படம் என்றால் தியேட்டர்காரர் எம்.ஜி. கட்ட வேண்டும். மக்கள் திலகம் இல்லை, மினிமம் கேரண்டி. 10 லட்சம் எம்.ஜி. என்று வைத்துக்கொள்வோம். தியேட்டரிலிருந்து விநியோகஸ்தருக்குச் சேரவேண்டிய பங்கு 7 லட்சம்தான் வந்தது என்றால், மீதி 3 லட்சம் தியேட்டர்காரர் தலையில். அட்வான்ஸ் முறை என்றால் குறைந்த பணம் திரும்பி வர வேண்டும். எம்.ஜி.யில் வராது. அந்தப் பத்து லட்சத்தை மீட்க முதல் மூன்று நாளும் கூட்டம் வருகிற காட்சியை எல்லாம் அதே படத்துக்குக் கொடுத்தாக வேண்டும். அதே வெள்ளிக்கிழமை வந்த சின்னப் படம் காலைக் காட்சிக்குத் தள்ளப்படும். காலைக் காட்சிக்கு யார் வருவார்கள்? ஞாயிறு இரவு வசூலைப் பார்த்துத் திங்களன்று எடுத்துவிடுவார்கள். ‘நல்ல படமாமே, பார்க்கலாம்னு இருந்தேன், அதுக்குள்ள போயிருச்சு’ என்று நாம் செவ்வாய்க்கிழமை சொல்வோம். அது தானாகப் போகவில்லை ஐயா. வெள்ளிக்கிழமை நாம் வரிசையில் நிற்காததால் போனது.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளம். சாப்பாட்டுக்கு நேரம் இருக்கிறது, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம்.

1945இல் ‘ஸ்ரீவள்ளி’ என்று ஒரு படம். எடுத்தவர் நம் ஊர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார். முருகனாக டி.ஆர். மகாலிங்கம், சோழவந்தான் பக்கத்துத் தென்கரைக்காரர். அவர் தொண்டை எப்படிப்பட்டது என்று ஆச்சிமார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வள்ளியாக ருக்மிணி. பிற்காலத்தில் வந்த நடிகை லட்சுமியின் அம்மா. அழகான முகம், பொருத்தமான வேடம். படம் எடுத்து முடித்தாயிற்று. ருக்மிணியே தன் பாட்டுகளைப் பாடியும் இருந்தார். செட்டியாருக்கு மட்டும் உறுத்துகிறது. மகாலிங்கத்தின் குரலுக்குப் பக்கத்தில் இந்தக் குரல் நிற்கவில்லை. அந்தக் காது சாதாரணக் காது இல்லை, கிராமபோன் தட்டு விற்று வளர்ந்த காது. தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் பாட்டு. அதற்குள் கேட்பவனைப் பிடிக்காவிட்டால் தட்டு கடையிலேயே கிடக்கும். 1935இல் எடுத்த இரண்டு படங்கள் கையைக் கடித்த அனுபவமும் அவருக்கு உண்டு.

வேறு யாராக இருந்தாலும் என்ன செய்வார்கள்? ‘முகம் நன்றாயிருக்கிறது, போதும்’ என்று விட்டிருப்பார்கள். இவர் பி.ஏ. பெரியநாயகியைக் கூப்பிட்டார். ருக்மிணியின் பாட்டுகளை அவரைக் கொண்டு மறுபடி பாட வைத்தார். கேட்க எளிது. என்ன வேலை என்று யோசியுங்கள். சாதாரணமாகப் பின்னணி பாடும்போது முதலில் பாட்டு, பிறகு அதற்கு நடிகை வாயசைப்பார். இங்கே வாய் ஏற்கனவே அசைந்து முடிந்துவிட்டது. படம் விநாடிக்கு 24 கட்டம், நிமிடத்துக்கு 90 அடி என்று ஓடுகிறது, அதை ஒரு கட்டம்கூட இழுக்க முடியாது. ருக்மிணி எந்த இடத்தில் மூச்சு விட்டாரோ அங்கே பெரியநாயகியும் விட வேண்டும். எந்த எழுத்தில் உதடு மூடியதோ அங்கே மூட வேண்டும். ‘ப’, ‘ம’ வருகிற இடத்தில் தப்பினால் பாட்டு ஒரு பக்கம், உதடு ஒரு பக்கம். ஒரு சங்கதியை, அதாவது பாட்டில் வரும் ஒரு நெளிவைத் தன் இஷ்டத்துக்கு நீட்டினால் அடுத்த அடி கெட்டது. இன்றைக்குக் கம்ப்யூட்டரில் இழுத்து ஒட்டுவார்கள். அன்றைக்குச் சரியாக வரும்வரை திரும்பத் திரும்பப் பாட வேண்டும். பிலிமில் படத்துக்குப் பக்கத்தில் மெல்லிய கோடாக ஒலி ஓடும். அது தனி நெகட்டிவ். அதை மாற்றி, படத்தின் நெகட்டிவோடு சேர்த்துப் புதிதாகப் பிரிண்ட் போட வேண்டும்.

படம் ஓடு ஓடு என்று ஓடியது. கொட்டகைக்குப் போனவர்கள் வள்ளியின் முகத்தைப் பார்த்துக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் பாதி யாருக்கு? பெரியநாயகிக்கு. அந்தக் கோட்டை மாற்றி ஒட்டிய ஒலிப்பதிவுக்காரருக்கும் பங்கு உண்டு. அவர் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது.

நம் பக்கத்து ஆட்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘ரஜினி படம்’ என்று போனோம். அதில் 25 படங்களை இயக்கிய எஸ்.பி. முத்துராமன் காரைக்குடிக்காரர். 1976இல் ‘அன்னக்கிளி’. அதற்குத் திரைக்கதை, வசனம் எழுதி, இளையராஜா என்ற புதிய பெயரைக் கொண்டுவந்தவர் பஞ்சு அருணாசலம், சிறுகூடல்பட்டிக்காரர். அந்தப் படத்துக்கு ஜனம் வந்தது எந்த முகத்துக்காக? பாட்டுக்காக வந்தது. 1947 தொடக்கத்தில் வந்த ‘நாம் இருவர்’ தேவகோட்டை ரஸ்தாவில் கீற்றுக் கொட்டகை போட்டு எடுத்த படம். அங்கே பாட்டால் ஜனத்தை இழுத்தவர் 1921இலேயே காலமாகிவிட்ட பாரதி. அவருக்குக் கட் அவுட் வைக்க யாருக்கும் தோன்றவில்லை, கொட்டகை நிறைந்தது.

இரண்டாவது செய்தி, ஒதுக்குவது. ஒரு நடிகரின் நடத்தை பிடிக்கவில்லை, அரசியல் பிடிக்கவில்லை, படம் பார்க்க மாட்டேன் என்றால் அது உங்கள் பணம், உங்கள் உரிமை. ஆனால் ஜனம் ஒதுக்கியதால்தான் ஒருவர் விழுந்தார் என்று கணக்குப் போடும்போது கவனம் வேண்டும். மஞ்சள் பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தனின் கொலை வழக்கில் 1944 கடைசியில் தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். அப்போது பாகவதரின் ‘ஹரிதாஸ்’ சென்னையில் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947இல் இருவரும் விடுதலை. ஒரே வழக்கு, ஒரே சிறைவாசம். வெளியே வந்த என்.எஸ்.கே.யின் படங்கள் ஓடின. பாகவதரின் ‘ராஜமுக்தி’ 1948இல் ஓடவில்லை, பிறகு வந்தவையும் எடுபடவில்லை. வழக்குக்காக ஒதுக்கியிருந்தால் இருவரையும் ஒதுக்கியிருக்க வேண்டுமே? புராணமும் பாட்டுமாக இருந்த தேர் மாறி, வசனமும் சமூகக் கதையுமாகப் புதுத் தேர் வந்துவிட்டது என்பதுதான் என் எண்ணம். இதைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேசலாம்.

மூன்றாவது, எப்படித் தேர்ந்தெடுப்பது. போஸ்டரை அடியிலிருந்து மேலே படியுங்கள். பெரிய முகத்தை விட்டுவிட்டு, எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும் கடைசி மூன்று வரியைக் கண்ணாடி போட்டுப் பாருங்கள். கதை, திரைக்கதை, வசனம் யார்? எடிட்டர் யார்? அவருடைய முந்தைய படத்தில் நடுவில் எழுந்து போக வேண்டும் என்று தோன்றியதா? அடுத்தது ஓடும் நேரம். இரண்டே முக்கால் மணிக்கு மேல் போனால், கதை கேட்ட நீளமா, நாயகனின் அறிமுகப் பாட்டும் நடையும் தின்ற நீளமா என்று பார்த்து வந்தவரிடம் கேளுங்கள். குழந்தைகளைக் கூட்டிப்போகிறவர்கள் தணிக்கைச் சான்றிதழைப் பாருங்கள். முன்பு வெறும் யு/ஏ என்று இருந்ததை இப்போது 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். ‘நம்ம நடிகர் படம்தானே’ என்று ஏழு வயதுப் பேரனை 16 போட்ட படத்துக்கு அழைத்துப் போய், ராத்திரி அவன் தூங்கவில்லை என்று மந்திரிக்கப் போகாதீர்கள். சின்னப் படம் பார்ப்பதென்றால் வெள்ளி, சனி, ஞாயிறுக்குள் பாருங்கள். காரணம் முன்பே சொன்னேன்.

சரி, அந்தக் கடைசி மூன்று வரிப் பெயர்கள் பழைய படங்களுக்கு எங்கே இருக்கின்றன? இதைச் சொல்லத்தான் நான் வந்தேன். தலைப்பு சாக்கு. தலைவர் ஐயா மன்னிக்க வேண்டும்.

அவை உங்கள் வீட்டுப் பரணில் இருக்கின்றன. பாட்டுப் புத்தகம்! கொட்டகை வாசலில் அணாக்கணக்கில் விற்றது. மேல் அட்டையில் நாயகன் நாயகி. உள்ளே நடிகர்கள், ஒலிப்பதிவு, லேபரட்டரி, செட், மேக்கப் என்று வரிசையாகப் பெயர்கள். கதைச் சுருக்கம் சரியான இடத்தில் நின்று, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’. பிறகு ராகம் தாளத்தோடு பாட்டுகள். பிலிம் அழிந்துபோன படங்களுக்கு இந்தப் புத்தகம்தான் பிறப்புச் சான்றிதழ். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் பழைய நூல்களோடு பாட்டுப் புத்தகத்தையும் நோட்டீசையும்கூடக் குப்பை என்று தள்ளாமல் சேர்த்தார். அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரத்தை வைத்து 1994இல் சென்னையில் நூலகம் அமைந்தது. சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் அங்கே போய்த்தான் உட்காருகிறார்கள். அவர் சேர்த்தது போக மிச்சம் இந்தச் சுற்றுவட்டார வீடுகளில் இன்னும் இருக்கிறது. வீட்டைப் பிரிக்கும்போது தேக்குத் தூணும் பெல்ஜியம் கண்ணாடியும் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு விலைபேசிப் போகின்றன. காகிதம் எடைக்குப் போகிறது.

ஆகவே தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். புத்தகத்தை வெயிலில் காயப்போடாதீர்கள். மலிவுக் காகிதத்தில் இருக்கிற அமிலத்தால்தான் அது பழுப்பாகி அப்பளம் மாதிரி நொறுங்குகிறது, வெயில் அதை இன்னும் விரட்டும். நிழலில், காற்றோட்டத்தில் வையுங்கள். மெல்லிய பிரஷால் முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தூசி தட்டுங்கள். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள். பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும், பிறகு அந்தப் பகவானாலும் எடுக்க முடியாது. லேமினேஷன் வேண்டவே வேண்டாம். அன்போடு செய்கிற கொலை அது. ராமபாணப் பூச்சி இருந்தால், பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் மூடி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள், ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும். உடனே திறந்தால் காகிதத்தின் மேலேயே வேர்த்துவிடும். ஆச்சி, ஃப்ரீசரில் மீன் இருந்தால் அது வேறு தட்டில்! போனில் படம் எடுப்பதானால் ஜன்னல் பக்கம் வைத்து, நேர் மேலிருந்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். ஓரத்தையும் சேர்த்து எடுங்கள், அச்சகத்தின் பெயர் அங்கேதான் இருக்கும். எந்த ஊர், எந்த வீடு என்பதைப் பேனாவால் புத்தகத்தில் எழுதாமல், தனித்தாளில் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள்.

நான்காவது, ஓ.டி.டி. செயலாளர் எழுந்து நின்றுவிட்டார், அதை விட்டுவிடுகிறேன்.

வலப்பக்க வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். புத்தகத்தை நீங்கள் கொடுத்துவிட வேண்டும் என்பதில்லை. கண் முன்னாலேயே ஸ்கேன் செய்து கையில் கொடுத்துவிடுவார்கள். நடுவில் இருக்கிற கம்பிப் பின் துருப்பிடித்திருந்தால் வீட்டில் யாரும் பிடுங்க வேண்டாம், காகிதம் பின்னோடு வந்துவிடும். அடியில் மெல்லிய அட்டையைச் செருகி, மழுங்கல் கத்தியால் இரண்டு காலையும் நிமிர்த்தித்தான் எடுக்க வேண்டும். அதை மேசையில் இருக்கிற பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். பின்னோடு அப்படியே கொண்டுவாருங்கள். வணக்கம்.