வலை அறுந்துபோகும், தம்பி!

நடுவர் அவர்களே, வணக்கம். கச்சான் கடைக்கும் மேடைக்கும் நடுவில் இருப்பதா போவதா என்று யோசித்துக்கொண்டு நிற்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

ஊர்த் திருவிழாவை நிறைப்பது நாட்டார் பாடல் கச்சேரியா, சினிமாப் பாட்டு இசைக்குழுவா என்பது கேள்வி. நான் நாட்டார் பாடலின் பக்கம். எதிரணித் தலைவர் இரண்டு விஷயம் சொன்னார். இசைக்குழு வந்தால்தான் இளசுகள் வருவார்களாம். சரி, வருகிறார்கள். வந்து போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். "அச்சொட்டாக அதே மாதிரிப் பாடுறான்" என்பதுதான் பாடகருக்குக் கிடைக்கிற பெரிய பாராட்டு. அந்த 'அதே' கையிலிருக்கும் போனிலேயே கிடக்கிறதே ஐயா! அதைக் கேட்க ஏன் கதிரை தேடி அலைய வேண்டும்?

இரண்டாவது வாதம் கெட்டித்தனமானது. தண்ணீர் இறைக்கிற ஏற்றம் போய்விட்டது, அருவி வெட்டு என்கிற நெல் அறுப்புக்கு மெசின் வந்துவிட்டது, வேலை செத்த பிறகு வேலைப் பாட்டுக்கு மேடை எதற்கு என்று கேட்டார்.

பாட்டு இடம் மாறினால் செத்துவிடும் என்று யார் சொன்னது? விடிய விடிய ஆடிய கூத்தைச் சுருக்கி 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மேடையில் ஏற்றினார் பேராசிரியர் சு. வித்தியானந்தன். பிறகு எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தராக இருந்தவர். கூத்து செத்தா போனது? இன்றைக்கும் அம்மன் கோயில்களில் நேர்த்தி வைத்துக் காத்தவராயன் கூத்துப் போடுகிறார்கள். கதையின் முன்பகுதிக்கு முன் காத்தான் ஒருவர், பின்பகுதிக்குப் பின் காத்தான் இன்னொருவர்; ஆள் மாறும், பாட்டின் சிந்து நடை மாறாது. காத்தான் கழுமரம் ஏறும் நேரத்தில் அரைத்தூக்கத்தில் இருந்த ஆச்சிமார் எழும்பி உட்கார்ந்து அடுத்த அடியைத் தாங்களே முணுமுணுப்பார்கள். இசைக்குழுவில் பாடகன் அடி மறந்தால் போனைப் பார்க்க வேண்டும். இங்கே முன்வரிசையைப் பார்த்தால் போதும்.

இந்த இடத்தில் என் அணிக்கும் ஒரு குட்டு. மண்ணின் இசை, மண்ணின் இசை என்று மேடையில் முழங்குகிற நாங்கள்தான் பறையைச் சாவீட்டுக்கும் படலைக்கு வெளியிலும் நிறுத்தி வைத்தோம். அடித்தவரின் சாதியைப் பார்த்தோம், அடியைக் கேட்கவில்லை. எதிரணி இதைக் கேட்டிருந்தால் நான் தலை குனிந்திருப்பேன். நல்ல காலம், அவர்களுக்கு இது ஞாபகம் வரவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ஒரு கோயில் திருவிழா. நானும் நான்கு நண்பர்களும் நாட்டார் பாடல் கச்சேரி செய்தோம். கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டு ஒன்று எடுத்தோம். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் 'ஏலேலோ' என்று வாங்க வேண்டும். சனத்தை எழுப்பவேண்டும் என்று நாங்கள் டோலக்கை வைத்துக்கொண்டு விரட்டினோம். கைதட்டல் நன்றாகத்தான் விழுந்தது.

நடுவில் சாரம் கட்டிய வயதான ஐயா ஒருவர் எழும்பினார். "தம்பி, இந்த வேகத்தில இழுத்தா வலை அறுந்து போகும்!"

சனம் கொல்லென்று சிரித்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஐயாவை மேடைக்குக் கூப்பிட்டோம். மைக்கைத் தொடவும் மாட்டேன் என்றார். கீழே நின்றபடியே அடி எடுத்தார். ஒரு அடி, அப்புறம் ஒரு நீண்ட மூச்சு. அந்த மூச்சு ஏன் என்று அப்போதுதான் விளங்கியது: கால் மணலில் புதைகிறது, கயிற்றில் பாரம் ஏறுகிறது, அடுத்த எட்டுக்கு உடம்பு தயாராக வேண்டும். நாங்கள் டோலக்கால் நிரப்பியது அந்த இடத்தைத்தான். இரண்டாவது அடியில் பின்னால் நின்ற ஆண்கள் பத்துப் பதினைந்து பேர் 'ஏலேலோ' வாங்கினார்கள். போன் பிடித்திருந்த பொடியன்களில் சிலரும் சேர்ந்தார்கள். மூன்றாவது அடிக்கு எங்கள் டோலக்காரர் வாத்தியத்தை மெதுவாகக் கீழே வைத்துவிட்டார்.

எதிரணித் தலைவர் அடுத்து எழும்பும்போது இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே. உங்கள் இசைக்குழுப் பாடகரைக் கூட்டத்திலிருந்து ஒருவர் எழும்பி, "தம்பி, நீர் பாடுறது பிழை" என்று திருத்திய நாள் ஒன்று உண்டா?