பெரிய பவளத் தொட்டிக்கு மாறும்போது

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்ப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். 150, 200 லிட்டரில் தொடங்குவீர்கள். பவளங்கள் வளர்ந்து ஒன்றையொன்று கொட்டத் தொடங்கியதும், பெரிய தொட்டியாகப் போட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்துவிடும். நல்ல எண்ணம்தான். தண்ணீர் கூடினால் உப்பும் வெப்பமும் சட்டென்று ஏறி இறங்காது. ஆனால் வருடக்கணக்கில் நன்றாக ஓடிய தொட்டியின் மீன்கள் ஒரே இரவில் செத்துப்போவதும் இந்த மாற்றத்தின்போதுதான். பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று. பழைய மணலைக் கிளறி அப்படியே புதுத் தொட்டியில் கொட்டியிருப்பார்கள். அல்லது புதுத் தொட்டியில் பாக்டீரியா பிடிப்பதற்கு முன்பே மீனை விட்டிருப்பார்கள்.

மீன் கழிக்கும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கல்லின் துளைகளில் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. தண்ணீரில் மிதப்பவை மிகச் சொற்பம். அதனால் பழைய தண்ணீர் முழுவதையும் சுமந்துகொண்டு போய் ஊற்றினாலும் தொட்டி தயாராகிவிடாது. மாற்றும் நாளுக்கு ஒரு மாதமாவது முன்பே புதுத் தொட்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இன்றைக்கு நான் சொல்லப்போவதெல்லாம் இதை ஒட்டித்தான்.

கணக்குக்கு ஒரு அளவை எடுத்துக்கொள்வோம். நீளம் 120, அகலம் 60, உயரம் 60 சென்டிமீட்டர், 12 மில்லிமீட்டர் கண்ணாடி. கண்ணாடி மட்டுமே 85 கிலோவுக்குக் குறையாது. தண்ணீர், கல், மணல், ஸ்டாண்டு, கீழே வைக்கும் வடிகட்டும் துணைத்தொட்டியான சம்ப் எல்லாம் சேர்ந்தால் 700 கிலோவைத் தாண்டும். அந்த எடை நிற்கும் இடம் முக்கால் சதுர மீட்டருக்கும் குறைவு. வீட்டு மாடித்தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ தாங்கும்படி கணக்கிட்டுக் கட்டுவார்கள். அது அறை முழுக்கப் பரவலாக இருக்கும் எடைக்கான கணக்கு. ஆகவே கீழ்த்தளத்தில், கான்கிரீட் தரையில் வையுங்கள். மாடியில்தான் வைத்தாக வேண்டுமென்றால், அல்லது பழைய வீட்டின் பலகைத் தரை என்றால், பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டாமல் தொட்டிக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள்.

ஸ்டாண்டின் மேற்பரப்பை நீளவாட்டிலும் குறுக்காகவும் மட்டப் பலகை வைத்துப் பாருங்கள். 2 மில்லிமீட்டருக்கு மேல் சாய்வு இருந்தால் ஸ்டாண்டின் காலுக்கு அடியில்தான் முட்டுக் கொடுக்க வேண்டும். தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் எதையும் செருகக் கூடாது. அப்படிச் செருகிய இடத்தில்தான் பாரம் குவிந்து அடிக் கண்ணாடி விரியும்.

அடுத்தது மின்சாரம். நம் நாட்டில் இது தனிப் பாடம். முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும் லோட் ஷெடிங் இல்லாத மாதங்களிலும் கேபிள் திருட்டும் துணைமின் நிலையக் கோளாறும் இருக்கத்தான் செய்கின்றன. மின்சாரம் போனால் எல்லோரும் தண்ணீர் ஆறிவிடுமே என்று ஹீட்டரைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். 450 லிட்டர் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் ஆறாது. முதலில் தீர்வது ஆக்சிஜன். தண்ணீரின் மேற்பரப்பு அசையாமல் நின்றால், மீன் நிறைந்த தொட்டியில் சில மணி நேரத்திலேயே மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். ஆகவே இன்வெர்ட்டரில், நீரை அசைக்கும் பம்பான வேவ்மேக்கரை மட்டும் மாட்டுங்கள். விளக்கும் ஹீட்டரும் வேண்டாம். 30 வாட் வேவ்மேக்கரை 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்று ஒரு நாளுக்கு மேல் ஓட்டும். அதே பேட்டரியில் 300 வாட் ஹீட்டரைச் சேர்த்தால் மூன்று, நான்கு மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை. ஹீட்டரின் கண்ணாடியில் கீறல் விழுந்தால், மின்கசிவு கண்டதும் தானே அணையும் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் விழும். அது உங்கள் உயிரைக் காப்பதற்காக இருக்கிறது. அதை எடுத்துவிடுவதோ தாண்டி இணைப்பதோ கூடவே கூடாது. ஆனால் வீட்டின் எல்லாப் பிளக்குகளும் ஒரே எர்த் லீக்கேஜில் இருந்தால், சமையலறைக் கெட்டிலில் கோளாறு வந்தாலும் தொட்டி நின்றுவிடும். குடும்பமே காவடிக்குக் கோயிலுக்குப் போயிருக்கும் நாளில் அது விழுந்தால் மாலை வரை யாருக்கும் தெரியாது. பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு வீட்டின் மின்பகிர்வுப் பெட்டியான டிபி போர்டிலிருந்து தொட்டிக்கென்று தனி சர்க்யூட்டும் தனி எர்த் லீக்கேஜும் போடச் சொல்லி, அதற்கான சான்றிதழையும் வாங்கி வையுங்கள். மல்டிபிளக்கைத் தரையில் போடாமல் சுவரில் உயரமாக மாட்டுங்கள். ஒவ்வொரு ஒயரும் பிளக்கைவிடக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறட்டும். ஒயர் வழியே ஓடிவரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

மின்சாரத்தோடு சேர்ந்ததுதான் குழாய் வேலையும். சம்பிலிருந்து ரிட்டர்ன் குழாய் வழியே நீரை மேலே ஏற்றும் பம்ப் நின்றதும் மேல்தொட்டி நீர் அதே குழாய் வழியாகப் பின்னோக்கி சம்புக்கு இறங்கும். நம் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் உயரம் என்பது 7.2 லிட்டர். ரிட்டர்ன் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 3 சென்டிமீட்டர் கீழே இருந்தால் 22 லிட்டர் இறங்கும். குழாயிலும் வடிகால் பெட்டியிலும் நிற்பதைச் சேர்த்தால் 30. அந்த 30 லிட்டருக்கு சம்பில் காலி இடம் வேண்டும். பின்னோட்டத்தைத் தடுக்கும் வால்வு போட்டுவிட்டேன், போதாதா என்று கேட்பார்கள். போதாது. சில மாதங்களில் சுண்ணாம்பு படிந்தோ, ஒரு சின்ன நத்தை புகுந்தோ வால்வு பாதி திறந்தபடி நின்றுவிடும். காற்றை விட்டுப் பின்னோட்டத்தை நிறுத்தக் குழாயில் போடும் சைஃபன் துளையும் பாசியால் அடைபடும்.

சோதிப்பது எளிது. குழாய்களை ஒட்டி 24 மணி நேரம் காயவிட்டு, வெறும் குழாய்த் தண்ணீரை நிரப்பிப் பம்பை ஓடவிடுங்கள். பிறகு சுவரிலேயே மெயினை அணையுங்கள். சம்பில் நீர் ஏறி ஏறி ஒரு இடத்தில் நிற்கும். விளிம்புக்கு நான்கு விரல் கீழேயாவது நிற்க வேண்டும். தாண்டினால், ஓடும்போது சம்பில் இருக்க வேண்டிய மட்டத்தைக் குறைத்து மறுபடி அணைத்துப் பாருங்கள். சரியான மட்டம் கிடைத்ததும் சம்பின் வெளிப்புறம் அந்த ஓடும் மட்டத்தில் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். வீட்டில் யார் தண்ணீர் ஊற்றினாலும் அந்த டேப்பைத் தாண்டக் கூடாது. இரண்டு நாள் அப்படியே ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டின் அடியிலும் உலர்ந்த காகிதத்தால் துடைத்துப் பார்த்த பிறகு நீரை இறக்கிவிடலாம்.

இனி உப்புநீர். ஆர்.ஓ. சவ்விலும் அடுத்து டி.ஐ. பிசினிலும் வடித்து, கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்டும் தண்ணீர்தான் வேண்டும். நாளுக்கு 75 கேலன் என்று போட்டிருக்கும் சவ்வு, அழுத்தமும் வெப்பமும் சரியாக இருந்தால் சுமார் 280 லிட்டர் தரும். சம்போடு சேர்த்து 450 லிட்டர் பிடிக்க இரண்டு நாள் ஆகும். குளிர்காலத்தில் இன்னும் கூடும். அதோடு மூன்று, நான்கு மடங்கு நீர் கழிவாகப் போகும். அதைத் துணி துவைக்கவும் செடிக்கும் பிடித்து வையுங்கள். உப்பு லிட்டருக்கு ஏறக்குறைய 37 கிராம், ஆக 17 கிலோ வரை வேண்டும். உப்பளவு ஆயிரத்துக்கு 35. உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் நீரில் சரிபார்த்தால் போதாது, 35க்கான அளவுத் திரவத்தில் சரிபாருங்கள்.

கடற்கரையில் நீர் எடுத்தால் செலவு மிச்சம் என்பார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர்க் கட்டமைப்பு சேதமாகி டர்பன் கடற்கரைகளை மூடவேண்டி வந்தது நினைவிருக்கும். மழைக்குப் பின் ஆற்று முகத்துவாரங்களுக்குப் பக்கத்தில் எடுத்த நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். சொட்வானா பகுதியிலிருந்து கல்லோ பவளமோ எடுத்து வரும் எண்ணமே வேண்டாம். அது 1999 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமான இசிமங்கலிசோ பூங்காவுக்குள் இருக்கும் பவளத்திட்டு. ஆப்பிரிக்காவின் தென்கோடிப் பவளங்களில் சேர்ந்தது. அதைத் தொடாமல் விட்டுவைப்பது நம் கடமை.

நீரை 25 டிகிரிக்குக் கொண்டுவந்து புதுக் கல்லை அடுக்குங்கள். பழைய சம்பில் ஒரு மாதமாவது கிடந்த பீங்கான் வளையங்கள் ஒரு பையளவு இருந்தால் புதுச் சம்பில் போடுங்கள். பாக்டீரியாவுக்கு விதை அதுதான். மீன் இல்லாததால் அதற்குத் தீனி வேண்டும். 450 லிட்டருக்குச் சுமார் 3 கிராம் அம்மோனியம் குளோரைடு கரைத்தால் அம்மோனியா 2 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 2 பங்கு, அளவுக்கு ஏறும். விளக்கைப் போடாதீர்கள், இந்தக் கட்டத்தில் வெளிச்சம் பாசிக்கு மட்டுமே உதவும். ஊற்றிய 2 பிபிஎம் அம்மோனியாவும் அதிலிருந்து வரும் நைட்ரைட்டும் 24 மணி நேரத்தில் பூஜ்யமானால் தொட்டி தயார். அதற்கு நான்கு வாரமும் ஆகலாம், ஆறும் ஆகலாம். தேதியை நம்பாமல் சோதனையை நம்புங்கள்.

மாற்றுவதற்கு முன் கட்டாயம் ஒப்பிட வேண்டியது காரத்தன்மை. அதை அளக்கும் அலகு டிகேஎச். சில உப்புகள் 7 டிகேஎச் தரும், சில 11, 12 தரும். பழைய தொட்டி 8இல் இருந்து புதியது 11இல் இருந்தால், கிளைப் பவளங்களின் நுனித்தசை சில நாட்களில் உரிந்து வெள்ளையாகும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு டிகேஎச்சுக்குள் இருக்கட்டும்.

மாற்றும் நாளன்று வேலையைக் காலையிலேயே தொடங்குங்கள். சோப்புப் படாத, மூடியுள்ள வாளிகள் நிறைய வேண்டும். முதலில் பழைய தொட்டியின் மேல்மட்டத் தெளிந்த நீரை வாளிகளில் பிடியுங்கள். அடுத்து பவளங்கள், பிறகு கல், கடைசியில் மீன். கல்லை எடுத்த பிறகு ஒளிய இடமில்லாததால் மீனை வலையில் பிடிப்பது சுலபம். முதலிலேயே துரத்தினால் மணல் கலங்கிவிடும். மீன் வாளி ஒவ்வொன்றிலும் பேட்டரி ஏர் பம்ப் ஓட வேண்டும். கல்லைப் பழைய உப்புநீரில் முக்கி உதறி அழுக்கை எடுங்கள். குழாய்த் தண்ணீரில் கழுவினால் அதிலுள்ள கடற்பஞ்சும் பாக்டீரியாவும் செத்து, அதுவே அம்மோனியாவாகும்.

சோவாந்தஸ், பாலிதோவா வகைப் பவளங்கள் இருந்தால் கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். அவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். அந்தக் கல்லைத் தூரிகையால் தேய்ப்பதோ, கொதிநீர் ஊற்றிச் சுத்தம் செய்வதோ கூடாது. ஆவியாகவும் துளியாகவும் கிளம்பி வீட்டில் உள்ள அனைவரையும் மருத்துவமனையில் சேர்த்துவிடும். குழந்தைகளையும் நாயையும் அன்றைக்கு அந்த அறைக்கு வெளியே வையுங்கள். தோல் பவளங்களுக்குத் தனி வாளி. கடற்சாமந்தி கல்லை இறுகப் பிடித்திருந்தால் கிள்ளி எடுக்காமல் கல்லோடு மாற்றுங்கள். அதன் அடிப்பாதம் கிழிந்தால் பிழைப்பது கஷ்டம்.

இப்போது மணல். பழைய மணலில் விரலை விட்டால் கறுப்பாக வரும், அழுகிய முட்டை வாடை அடிக்கும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. கூடவே வருடக்கணக்கான கழிவும் தேங்கியிருக்கும். அதை விட்டுவிடுங்கள். புதுத் தொட்டிக்கு 1 முதல் 2 மில்லிமீட்டர் பருமனுள்ள அரகோனைட் மணல், 3 சென்டிமீட்டர் உயரத்துக்கு 30 கிலோவுக்குச் சற்று அதிகமாக வேண்டும். கழுவி, முன்பே போட்டு வையுங்கள். பழைய மணலைத்தான் போடுவேன் என்றால், நீர் தெளிவாக ஓடும் வரை குழாயடியில் அலசி எடுங்கள். மணலின் பாக்டீரியா போய்விடுமே என்ற கவலை வேண்டாம், கல்லில் உள்ளது போதும்.

புதுத் தொட்டியிலிருந்து 100 லிட்டரை இறக்கிவிட்டு, பிடித்து வைத்த பழைய தெளிந்த நீரை ஊற்றுங்கள். அன்று கல்லும் பவளமும் சேர்ந்ததும், ஆக்டிவேட்டட் கார்பனை ஓடவிட்டு மீனை விடலாம். முதல் வாரம் தீனி பாதிதான். மாலையிலும் மறுநாள் காலையிலும் அம்மோனியாவைச் சோதியுங்கள். 0.25 பிபிஎம் காட்டினாலே பார்த்துக்கொண்டிருக்காமல் நீரில் கால்பங்கை மாற்றுங்கள். அதற்கான உப்புநீர் முன்பே கலக்கி வைத்திருக்க வேண்டும்.

விளக்கைப் பழைய அளவில் போட்டுவிடாதீர்கள். புது நீர் தெளிவானது. ஒளி ஆழமாக இறங்கும். 50 சதவீதத்தில் தொடங்கி நாலைந்து நாளுக்கு 5 சதவீதம் கூட்டுங்கள். பவளத்தின் நிறம் வெளுக்கத் தொடங்கினால் ஒரு படி இறக்குங்கள். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் மணல் மேல் பழுப்புப் படலம் வரும். அது டயாட்டம் என்ற நுண்பாசி, தானே போகும். நூல் நூலாகக் குமிழியோடு சளிபோல் வந்தால் அது டைனோஃபிளாஜெல்லேட் என்ற வேறொரு நுண்ணுயிர். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்துக்கு இறங்கிய சுத்தமான தொட்டியில்தான் அது பெரும்பாலும் கிளம்பும். அதனால் பாஸ்பேட் நீக்கியைத் தொடக்கத்திலேயே போடாதீர்கள். நைட்ரேட் 5 பிபிஎம், பாஸ்பேட் 0.05 பிபிஎம் அளவில் இருக்கட்டும்.

பிப்ரவரி வெக்கையில் டர்பனில் மின்விசிறி அவ்வளவு உதவாது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் நீர் ஆவியாவது குறைவு; 28 டிகிரியைத் தாண்டினால் நீரைக் குளிர்விக்கும் சில்லர்தான் வழி. ஜோகன்னஸ்பர்க் நேயர்களுக்கு விசிறி போதும், அங்கே காற்று வறண்டது. ஆனால் 1,700 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, நீரில் கரையும் ஆக்சிஜனும் அதே அளவு குறைவு. அங்கே மீனைக் குறைத்து, மேற்பரப்பு அசைவைக் கூட்டி வையுங்கள்.

பழைய தொட்டியை உடனே விற்றுவிடாதீர்கள். பெரிய தொட்டி வந்ததும் புது மீன் வாங்க ஆசை வரும். ஒரு மீனோடு வெள்ளைப்புள்ளி நோய் உள்ளே வந்தால், பவளம் இருக்கும் தொட்டியில் தாமிர மருந்து ஊற்ற முடியாது. மீனையெல்லாம் பிடித்து வெளியேற்றி, தொட்டியை 76 நாள் மீனில்லாமல் போட வேண்டிவரும். பழைய தொட்டியில் கல்லும் மணலும் இல்லாமல் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஹீட்டரும் ஒளிந்துகொள்ள இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டும் போட்டு, வாங்கும் ஒவ்வொரு மீனையும் நான்கு வாரமாவது அங்கே வைத்துப் பாருங்கள். அந்த ஸ்பாஞ்ச் பெரிய தொட்டியின் சம்பில் இன்றிலிருந்தே கிடக்கட்டும். மீன் வாங்கும் நாளில் எடுத்து மாட்டிக்கொள்ளலாம்.

வணக்கம்.